நடுவில் தளர்ந்த எஃகு

அறுத்த பலகையைப் பார்த்ததும் மரத்தைத்தான் புகழ்கிறோம். தேக்கின் ரேகை, வாகையின் கரும்பழுப்பு வைரம், பூவரசின் சிவப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். அதே பலகை தலையிலும் காலிலும் ஒரே கனமாக, நடுவே அலை விழாமல் வந்திருப்பதைச் சொல்லிப் பாராட்டியவரை நான் அதிகம் கண்டதில்லை. மரம் அப்படித்தான் பிளக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம் போலிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத எஃகுப் பட்டை, கணுவும் முறுக்கும் நிறைந்த வேப்பந்தடிக்குள் நூல் பிடித்தாற்போல் புகுந்து மறுமுனையில் வெளியே வருகிறது. நம் பக்கத்துக் கைவேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எரியோடு, திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. வேடசந்தூர் வட்டம், சுற்றிலும் நூற்பாலைகள், கிணற்றுப் பாசனத் தோட்டங்கள், வரப்பில் வேம்பும் புளியும். காட்டு மரம் இறங்கும் ஊர் அல்ல. இங்கே சா மில்லுக்கு வருவது பெரும்பாலும் வீட்டு மரம். தாத்தா வைத்த வேம்பைப் பேரன் நிலைக்கதவுக்காக வெட்டி, டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவருவான். அது தப்பாக அறுபட்டால் இன்னொன்று கடையில் கிடைக்காது. அதனால்தான் பெரிய மர வியாபார நகரங்களைவிட இந்த மாதிரிச் சிற்றூர் மில்லில் மெஷினின் தரம் பளிச்சென்று தெரிகிறது.

அந்த மெஷினைச் செய்கிறவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். திண்டுக்கல் வட்டாரத்தில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பப் பட்டறை இருக்கிறது. அப்பா, இரண்டு மகன்கள், கணக்குப் பார்க்கும் அம்மா, தூரத்துச் சொந்தத்தில் ஒரு கடைசல்காரர். முன்னால் பட்டறை, பின்னால் வீடு. பேண்ட்சா மெஷின் புதிதாகச் செய்வார்கள். பழையதைப் பிரித்துப் பூட்டுவார்கள். பிளேடு கூர் போட்டுத் தருவார்கள். மத்தியானச் சாப்பாட்டில் போன் வரும்: "அண்ணே, மேல் சக்கரம் பேரிங் சூடாகுது, தடி பாதியில நிக்குது." சின்ன மகன் கையைக் கழுவிவிட்டுப் பைக்கை எடுப்பான். விற்ற மெஷின் இருபது வருஷம் கழித்தும் அவர்கள் பொறுப்புதான். எந்த மெஷினுக்கு எந்த அளவு தண்டு போட்டோம் என்பது அம்மாவின் நோட்டில் இருக்கிறது.

பேண்ட்சா என்பது பார்க்க எளிய சாதனம். மேலும் கீழும் இரண்டு வார்ப்பிரும்புச் சக்கரம், இரண்டையும் சுற்றிவரும் முடிவில்லாத எஃகுப் பட்டை, எதிரே தடியைத் தாங்கிவரும் டிராலி. கீழ்ச் சக்கரத்தைத்தான் மோட்டார் சுற்றுகிறது. அது கனமாக இருக்க வேண்டும், கணுவில் மோதும்போது வேகம் விழாமல் அந்தக் கனம் தாங்கும். மேல் சக்கரம் இலேசானது. அதைத் துளி முன்னே பின்னே சாய்த்தால் பட்டை முன்னே வரும், பின்னே போகும். பல் எப்போதும் சக்கர விளிம்புக்கு வெளியே நிற்கும்படி அந்தச் சாய்வை வைக்க வேண்டும். பழைய மெஷின்களில் மேல் சக்கரத்தை ஒரு நெம்புகோலும் எடைக்கல்லும் தூக்கிப் பிடிக்கும். அறுக்கும் சூட்டில் பட்டை நீண்டால் எடைக்கல் தானாக இறங்கி, சக்கரத்தை அந்த அளவுக்கு உயர்த்திக்கொள்ளும். இழுப்பு மாறாது. சென்சாரும் இல்லை, சுவிட்சும் இல்லை. இதைவிட நேர்த்தியான யோசனை எந்த மெஷினிலும் அபூர்வம்.

36 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால், பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சக்கரத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் கனத்தாலும் மெஷின் ஆடும்; ஆட்டம் அப்படியே பலகையில் பதியும். எனவே கடைசல் முடிந்த சக்கரத்தைத் தண்டோடு தூக்கி, மட்டம் பார்த்த இரண்டு இரும்புத் தண்டவாளத்தின்மேல் வைப்பார்கள். கனமான பக்கம் மெல்ல உருண்டு அடிக்கு வந்து நிற்கும். அங்கே சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு. துளைபோட்டுக் கொஞ்சம் இரும்பை எடுத்துவிட்டு மறுபடி உருட்டுவார்கள். எந்த இடத்தில் விட்டாலும் சக்கரம் அந்த இடத்திலேயே நிற்கும்வரை இது நடக்கும். பாதி நாள் போகும். பெரியவர் அந்த நேரத்தில் மின்விசிறியைக்கூட அணைக்கச் சொல்வார். காற்றில் சக்கரம் அசைந்தால் கணக்குத் தப்பும் என்பார்.

சக்கரம் இவ்வளவு பாடுபடுவது பட்டைக்காக. மெஷினின் உயிரே பட்டைதான். சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பட்டையின் கனம் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. 36 அங்குலச் சக்கரத்துக்கு 0.9 மில்லிமீட்டர். அதற்குமேல் கனத்தால் சக்கரத்தில் வளைந்து வளைந்து உடையும். ஆறு மீட்டர்ப் பட்டை விநாடிக்கு ஏறக்குறைய ஐந்து முறை சுற்றுகிறது; ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சக்கரத்திலும் வளைந்து நிமிர்கிறது. மணிக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வளைவு. எஃகுக்கு வரும் களைப்பு முதலில் இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கும் குழியில் விரிசலாகத் தெரியும். ஆகவே கூர் போடுகிறவர் பல் நுனியைவிடக் குழியைத்தான் கவனமாகப் பார்ப்பார். குழி வட்டமாக இறங்கி வட்டமாக ஏற வேண்டும். ஒரு மூலை விட்டாலும் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அறுத்த தூளைச் சுமந்துபோய் வெளியே கொட்டுவதும் அதே குழிதான்.

இனி, இந்தக் கட்டுரைக்குக் காரணமான விஷயம். புதுப் பட்டையை மேசையில் படுக்கவைத்து, இரண்டு சிறு உருளைகளுக்கு நடுவே அழுத்தி ஓட்டுகிறார்கள். உருளையின் அழுத்தம் பட்டையின் நடுப்பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நீட்டிவிடுகிறது. நடு நீண்டதால் இரண்டு ஓரமும் குட்டையாகிவிடும். சக்கரத்தில் மாட்டி இழுக்கும்போது இழுப்பு முழுக்க ஓரங்களில் ஏறி, பல் இருக்கும் ஓரம் விறைத்து நிற்கும். மரத்துக்குள் போனதும் அந்த ஓரம் சூடேறி நீளும். அப்போதும் தளராமல் இருப்பதற்கு இந்த முன்னேற்பாடு. இதைச் செய்யாமல் ஒரே சீராக விட்ட பட்டை, பார்வைக்கு எவ்வளவு நேராக இருந்தாலும், சூடேறியதும் பல் ஓரம் தொளதொளத்துத் தடிக்குள் பாம்பாக நெளியும். ஓரம் இறுக வேண்டுமென்றால் நடுவைத் தளர்த்த வேண்டும் என்று முதலில் கண்டுகொண்டவரின் பெயர் எனக்குத் தெரிந்தால், அவர் படத்தை மாட்டிவைப்பேன்.

இந்தத் தளர்ச்சியை எதைக்கொண்டு அளப்பது? பெரிய மகன் பட்டையின் ஒரு பாகத்தைத் தூக்கி வளைத்துப் பிடிக்கிறான். குறுக்கே ஒரு குட்டை நேர்க்கோலை வைக்கிறான். கோல் இரண்டு ஓரத்திலும் தொட்டு நிற்க, நடுவில் மெல்லிய பிறைபோல் வெளிச்சம் கசிகிறது. அப்பா பக்கத்தில் குனிந்து பார்க்கிறார். "எங்கடா, அங்க வெளிச்சம் அடைக்குது பாரு. அந்த எடத்துல ஒரு ஓட்டு ஓட்டு." அடைக்கும் இடத்துக்கு மேலும் உருளை; அதிகம் விடும் இடத்துக்கு ஓரங்களில் உருளை. ஆறு மீட்டர் நீளத்துக்கும், ஒரு சாண் விடாமல், அந்தப் பிறை ஒரே அகலத்தில் வர வேண்டும். மகனுக்கு இந்த வெளிச்சம் பிடிபட நாலு வருஷம் ஆனதாம். கூலிக்கு வருகிறவர் யாரும் அவ்வளவு காலம் பட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார். இந்தத் தொழில் ஏன் குடும்பங்களிலேயே தங்குகிறது என்பதற்கு நான் கண்ட காரணம் அதுதான்.

வேறு நாடுகளிலும் இது குடும்பத் தொழிலாக வளர்ந்திருக்கிறது. 14 வயதில் இங்கிலாந்திலிருந்து 1833இல் பிலடெல்பியாவில் இறங்கி, சில நாட்களிலேயே தந்தையை இழந்த ஹென்றி டிஸ்டன், ரம்பப் பட்டறையில் தொழில் பழகி 1840இல் சொந்தமாகத் தொடங்கினார். பின்னால் 'ஹென்றி டிஸ்டன் அண்ட் சன்ஸ்' ஆன அந்த நிறுவனம், டகோனி என்ற இடத்தில் தொழிலாளர்களுக்கு வீடு கட்டி ஓர் ஊரையே உருவாக்கியது. அங்கே சாராயக்கடைக்கு இடம் கிடையாது. 1955வரை குடும்பத்தின் கையில்தான் இருந்தது. சுவீடனில் யோரான் பிரெட்ரிக் யோரான்சன் 1858இல் பெஸிமர் முறையில் எஃகு உருக்கி வெற்றி கண்டார். 1862இல் சான்ட்விக்கனில் ஆலை வைத்தார். அது நொடித்துப்போனது. 1868இல் மறுபடி எழுந்த கம்பெனியை நடத்தியவர் அவர் மகன். நல்ல ரம்ப எஃகு என்றால் சுவீடன் எஃகு என்று உலகம் சொல்லக் காரணமான பெயர்களில் சான்ட்விக் முன்னால் நிற்கிறது.

பட்டை ரம்பத்தின் யோசனை இவர்களையெல்லாம்விட மூத்தது. லண்டனில் வில்லியம் நியூபெரி 1808இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் இரண்டு முனையையும் சேர்த்த இடம் சக்கரத்தில் ஏறியதும் விட்டுப்போனது. 1846இல் ஆன் போலின் கிரெப்பேன் என்ற பிரெஞ்சுப் பெண் பற்றவைப்புக்கு வழி கண்டார். பாரிஸின் பெரேன் நிறுவனம் அந்த உரிமையை வாங்கி மெஷினைச் சீர்செய்தது. நம் பட்டறையில் மகன் இன்றைக்கும் இரண்டு முனையையும் சரிவாகத் தேய்த்து, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்துப் பற்றவைக்கிறான். பிறகு அந்த இடத்தை அரத்தால் தேய்த்துத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் ஒட்டு எங்கே என்று தெரியாத அளவுக்குக் கொண்டுவருகிறான்.

அரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். திண்டுக்கல் பூட்டு ஊர். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. லீவரைக் கையால் அராவிச் சாவிக்குப் பொருத்துவது இங்கே பரம்பரை வேலை. அரத்தின் சத்தத்தைக் கேட்டே இரும்பு எவ்வளவு தேய்ந்தது என்று சொல்லும் காதுகள் இந்த ஊரில் உண்டு. கோயம்புத்தூரில் வார்ப்படம் வாங்கலாம், மோட்டார் வாங்கலாம். அந்தக் காதை வாங்க முடியாது. ரம்பப் பட்டறை இந்தப் பக்கத்தில் தழைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இத்தனை பாட்டின் பலன் மரத்தில் தெரியும். வட்ட ரம்பம் அறுக்கும் இடுக்கு 6 மில்லிமீட்டர்வரை போகும். பேண்ட்சாவில் அது இரண்டரை. எட்டு அறுப்பில் 28 மில்லிமீட்டர் மிச்சம். ஒரு அங்குலப் பலகை ஒன்று தூளாகாமல் பலகையாகவே வீட்டுக்கு வருகிறது. தாத்தாவின் வேம்பில் ஒரு பலகை கூடுதல் என்றால் அது சின்ன விஷயமா?

புது மெஷின் கேட்டு வருகிறவர்கள் இப்போது குறைவு. காடுகளைப் பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தந்த உத்தரவு, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் ஓடிய மில்களை நிறுத்தவைத்தது. மத்திய அதிகாரக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் புது மில் திறக்கக் கூடாது என்று 2002இல் இன்னோர் உத்தரவு வந்தது. காட்டைக் காக்க வந்த அந்தக் கட்டுப்பாடு சரியானது என்பதே என் எண்ணம். உரிமங்களின் எண்ணிக்கை ஒரு வரம்புக்குள் அடங்கியதால் இருக்கும் மெஷினை விடாமல் பேணும் பழக்கம் வந்தது. சக்கர முகம் தேய்ந்தால் கடைந்து மட்டமாக்கிக்கொள்கிறார்கள், தண்டு தேய்ந்தால் மாற்றிக்கொள்கிறார்கள். பட்டறைக்கு வேலை குறையவில்லை. வேலையின் தன்மைதான் மாறியிருக்கிறது.

இப்போது மகன்களின் கவனமெல்லாம் தென்னைமேல். தண்ணீர் இல்லாமல் பட்டுப்போன மரங்களைச் சட்டமாகவும் ரீப்பராகவும் அறுக்கக் கேட்கிறார்கள். தென்னை விசித்திரமான மரம். வைரம் வெளிவட்டத்தில், சோறு நடுவில். மற்ற மரத்தில் புறணியைக் கழித்துவிட்டு உள்ளே போவோம். இதில் புறத்தைத்தான் காப்பாற்ற வேண்டும். அதன் நார் சாதாரணப் பல்லைச் சீக்கிரம் மழுங்கடித்துவிடும். எனவே ஒவ்வொரு பல் நுனியிலும் ஸ்டெல்லைட் துளி வைக்கிறார்கள். அமெரிக்கரான எல்வுட் ஹெய்ன்ஸ் 1907இல் காப்புரிமை பெற்ற கோபால்ட்-குரோமியக் கலவை அது. செஞ்சூட்டிலும் கடினம் குறையாது. பல் நுனியைப் பழுக்கவைத்து, கம்பியிலிருந்து ஒரு சொட்டு உருக்கி உட்காரவைத்து, ஆறியபின் பக்கவாட்டில் சாணை பிடித்து, பட்டையைவிட இரண்டு பக்கமும் துளி அகலமாக விடுகிறான் சின்னவன். அந்த அகலம் இல்லையென்றால் பட்டை இடுக்கில் உரசி மரத்தைக் கருக்கும்.

சொட்டு வைத்த முதல் பட்டையை அப்பா நம்பவில்லை. பல் நுனியைச் சூடுபடுத்தினால் ஓரத்தின் இறுக்கம் என்ன ஆகும் என்று கேட்டார். சரியான கேள்வி. மகன் பதில் சொல்லாமல் பட்டையைத் தூக்கி வளைத்து, நேர்க்கோலை அவர் கையிலேயே கொடுத்தான். மூன்று இடத்தில் வெளிச்சம் குறைந்திருந்தது. இருவரும் சேர்ந்து உருளையில் ஓட்டிச் சரிசெய்தார்கள். மறுநாள் அந்தப் பட்டை எரியோட்டுக்குப் போனது. ஒரு கூரைக்கு வேண்டிய ரீப்பர் முழுதும் அறுத்து முடித்த பிறகுதான் கூருக்குத் திரும்பி வந்தது.