எபிரேய இறைப்பெயர்கள்: வேரும் வழக்கும்

எபிரேய மறைநூலில் இறைவனைக் குறிக்கும் பெயர்கள் ஒரே காலத்தில், ஒரே இடத்தில் தோன்றியவை அல்ல. ஏல், எலோகிம், ஷத்தாய், யாவே என்பன வெவ்வேறு வழிபாட்டு மரபுகளிலிருந்து வந்து ஒரு நூலுக்குள் ஒருங்கிணைந்தவை. இவ்வரலாறு தமிழ் ஆய்வுலகில் இரு வகையில் மறைந்துபோகிறது. ஒரு சாரார் ஒலியொப்புமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு இப்பெயர்களுக்குத் தமிழ் வேர் காண்கின்றனர். மற்றொரு சாரார் விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்புச் சொற்களையே மூலப் பெயர்களாகக் கருதிப் பொருள் விரிக்கின்றனர். இரு போக்குகளுமே மறுஆய்வுக்கு உரியன.

முதற்போக்கிற்கு ஏற்ற சான்று 'ஏல்' ஆகும். தமிழில் 'எல்' என்பது ஒளி, கதிரவன், பகல் என்னும் பொருள்களில் வழங்குவதால், எபிரேயரின் ஏல் ஒளிக்கடவுளே என்று கூறப்படுவதுண்டு. எபிரேய வடிவத்தை மட்டும் நோக்கினால் இக்கூற்று கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் அக்காதிய மொழியில் 'இலு' என்றும் உகாரித் மொழியில் 'இல்' என்றும் இச்சொல் வழங்குகிறது. மூலச் செமித்திய வடிவத்தில் நின்ற உயிர் இகரமே. ஏகாரம் எபிரேயத்தில் நேர்ந்த திரிபு. அதற்கு முன்னே தொண்டையில் பிறக்கும் மெய்யொன்றும் உண்டு. செமித்திய மொழிகளில் இச்சொல் ஒளியைக் குறித்ததற்குச் சான்றும் இல்லை. திரிந்த பின்னைய வடிவத்தைத் தமிழோடு ஒப்பிடுவது ஒப்பியல் முறையாகாது. மூல வடிவத்தைக் கொண்டு இதே முறையைப் பின்பற்றினால் தமிழ் 'இல்'லோடு உறவு கூறி இறைவனை வீடாக்கிவிடவும் கூடும்!

எபிரேயத்திற்கும் தமிழுக்கும் சொல்லுறவே இல்லை என்பது இதன் பொருளன்று. மயிலைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் 'துக்கி' என்னும் எபிரேயச் சொல்லைத் தமிழ்த் 'தோகை'யோடு கால்டுவெல் இணைத்துக் காட்டினார். பொருளோடு பெயரும் கடல்வழி சென்றது என்பதற்கு அங்கே வணிகப் பின்புலம் துணைநிற்கிறது. ஏல் என்பதற்கோ அத்தகைய பின்புலம் எதுவும் இல்லை. அதன் தாயகம் கானான் நிலம். சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் நடைபெற்ற அகழாய்வு வெளிக்கொணர்ந்த உகாரித் களிமண் பலகைகளில் ஏல் தெய்வங்களின் தந்தையாகவும் தலைவனாகவும் காணப்படுகிறான். தொடக்கநூலில் வரும் ஏல் எலியோன், ஏல் ரோயீ, ஏல் ஓலாம், ஏல் பெத்தேல் முதலிய பெயர்கள் தனித்தனி இடங்களோடும் நிகழ்ச்சிகளோடும் பிணைந்திருப்பது இம்மரபின் தடமே எனலாம்.

எலோகிம் வடிவால் பன்மை; இசுரயேலின் இறைவனைக் குறிக்கும்போது பெரும்பாலும் ஒருமை வினை கொள்வது. இதனைத் தமிழின் உயர்வுப் பன்மையோடு ஒப்பிடுவோர், தமிழில் அப்பன்மை வினைமுற்றையும் பன்மையாக்கும் என்பதை மறந்துவிடுகின்றனர். மூவொருமைக் கோட்பாட்டின் சாயலை இங்குக் காண்பதும் பொருந்தாது. சீதோனியரின் பெண் தெய்வமாகிய அஸ்தரோத்தையும் இதே சொல்லால் மறைநூல் குறிக்கிறது.

ஷத்தாய் என்பதன் வேர் இன்றும் வழக்கிலுள்ள சிக்கல். மலையைக் குறிக்கும் அக்காதியச் சொல், மார்பைக் குறிக்கும் எபிரேயச் சொல், அழித்தலைக் குறிக்கும் வினை என மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. இப்பெயர் வரும் 48 இடங்களுள் 31 யோபு நூலில் உள்ளன. 'சர்வவல்லவர்' என்னும் தமிழ் வழக்கு இவ்வேர்களுள் எதனையும் சார்ந்ததன்று. கிரேக்க, இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் கொண்ட பொருளின் வழிவந்தது.

யாவே என்னும் நான்கெழுத்துப் பெயர் மறைநூலில் ஏறத்தாழ 6,800 முறை வருகிறது. நூலுக்கு வெளியேயும் அதற்குச் சான்றுண்டு. 1868இல் கண்டெடுக்கப்பட்ட, கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மோவாபு மன்னன் மேசாவின் கல்வெட்டில் அப்பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. சினாய்ப் பகுதியிலுள்ள குந்தில்லத் அஜ்ருதில் கிடைத்த கி.மு. 800ஐ ஒட்டிய எழுத்துகள் 'சமாரியாவின் யாவே' என்றும் 'தேமானின் யாவே' என்றும் இடஞ்சுட்டி உரைக்கின்றன. பிற்காலத்தில் இப்பெயரை வாயால் ஒலிக்காது, 'என் தலைவர்' என்று பொருள்படும் 'அதோனாய்' எனப் படிப்பது யூதர் மரபாயிற்று. மெய்யெழுத்துகளால் மட்டும் எழுதப்பட்டிருந்த மூலத்திற்கு உயிர்க்குறி இட்ட மசோரெத்தியர், இந்நான்கு மெய்களின்மேல் அதோனாய்க்குரிய உயிர்க்குறிகளை அமைத்தனர். எழுதியதையும் படிக்க வேண்டியதையும் ஒரே சொல்லாகக் கூட்டிப் படித்ததன் விளைவே 'யெகோவா'. அது எக்காலத்தும் எபிரேயர் வாயில் வழங்கிய வடிவமன்று.

இப்பெயரின் பொருளுக்கு மறைநூலே தரும் விளக்கம் விடுதலைப் பயண நூலின் மூன்றாம் அதிகாரத்தில் உள்ளது. அங்கு வரும் 'எஹ்யே' என்னும் வினை முற்றுப்பெறாத செயலைக் குறிப்பது; நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் பொதுவானது. இறந்தகாலம், இறப்பல்லாக் காலம் என்னும் இரு பாகுபாடே மேலோங்கியிருந்த பழந்தமிழில் இதனை ஒரே வடிவத்தால் பெயர்த்திருக்கலாம். 'கிறு', 'கின்று' இடைநிலைகள் பெருகிய பிற்காலத் தமிழோ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பதினான்காம் வசனத்தில் தமிழ் மொழிபெயர்ப்புகள் நிகழ்காலத்தைத் தேர்ந்தன. 'இருக்கிறவர்' என்னும் மெய்ப்பொருட் கருத்து அதனால் முதன்மை பெற்றது. இத்தேர்வு கிரேக்க மொழிபெயர்ப்பில் முன்பே நிகழ்ந்ததுதான். ஆயின் இரண்டு வசனங்களுக்கு முன், அஞ்சித் தயங்கும் மோசேயிடம் இறைவன் உடனிருப்பதாக வாக்களிக்கும்போது வருவதும் இதே 'எஹ்யே'. அங்கு அது 'இருப்பேன்' என எதிர்காலமாகவே பெயர்க்கப்பட்டுள்ளது. ஒரே சொல் இரு காலங்களாகப் பிரிந்தமையால், துணைநிற்றல் பற்றிய வாக்குறுதியே பெயராக மலர்கிறது என்னும் தொடர்பு தமிழில் அறுபட்டுவிட்டது. மூலத்தின் கதையோட்டம் அவ்வாக்குறுதியிலேயே நிற்கிறது. 'உள்ளவன்' என்னும் தத்துவப் பொருளை மட்டும் விரித்து எழுதப்படும் கட்டுரைகள் மொழிபெயர்ப்பை விளக்குகின்றனவேயன்றி மூலத்தை அல்ல.

பெயர்ச்சொல் தேர்விலும் இத்தகைய மயக்கம் உண்டு. எலோகிமுக்குப் பப்ரிசியசு 'பராபரன்' என்றும், பவர் தலைமையிலான குழுவின் 1871ஆம் ஆண்டுப் பதிப்பு 'தேவன்' என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'கடவுள்' என்றும் கொண்டன. யாவே என்பது பவர் பதிப்பில் 'கர்த்தர்', திருவிவிலியத்தில் 'ஆண்டவர்'. ஆனால் அதோனாய்க்குப் பவர் பதிப்பு வழங்கும் சொல்லே 'ஆண்டவர்'. இரு பதிப்புகளையும் கலந்து மேற்கோள் காட்டும் ஆய்வாளர், ஒரே சொல்லால் இருவேறு பெயர்களைச் சுட்டிவிட நேர்கிறது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. முன்னோராகிய ஆபிரகாம் முதலியோருக்குத் தாம் ஏல் ஷத்தாயாகவே தோன்றியதாகவும், யாவே என்னும் பெயரால் அறியப்படவில்லை என்றும் விடுதலைப் பயணம் 6:3இல் இறைவன் கூறுகிறார். தொடக்கநூல் 15:7இலோ ஆபிரகாமிடமே 'யாவே' என்று தம்மை அறிமுகம் செய்கிறார். இத்தகைய பெயர் வேறுபாடுகளே 1753இல் ஜான் அஸ்துருக் என்னும் பிரெஞ்சு மருத்துவரை, தொடக்கநூல் பல மூலங்களின் தொகுப்பு என்னும் கருத்துக்கு இட்டுச் சென்றன. பவர் பதிப்போ முதல் இடத்தில் 'யேகோவா' என்றும் இரண்டாம் இடத்தில் 'கர்த்தர்' என்றும் எழுதுகிறது. எபிரேயத்தில் ஒரே பெயராக நின்று முரணைக் காட்டியது, தமிழில் இரு சொற்களாகி முரணே இல்லாததாகிவிட்டது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஓர் ஆய்வின் தொடக்கப்புள்ளி அப்பதிப்பைப் படிப்பவர் கண்ணில் படுவதற்கு வழியில்லை.

மொழிபெயர்ப்பாளர் கைபடாது எஞ்சியவை ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களுமே. பெத்தேல், தானியேல், இசுரயேல் ஆகியவற்றின் ஈற்றில் ஏல் இன்றும் ஒலிக்கிறது. ஏசாயா, எரேமியா, நெகேமியா ஆகியவற்றின் ஈற்றில் யாவேயின் குறுகிய வடிவமாகிய 'யா' நிற்கிறது. 'என் ஏல் யாவே' என்று பொருள்படும் எலியாவின் பெயரில் இரு மரபுகளும் அருகருகே நிற்கின்றன.