அசையாத சுரம்: டாம் பிரம்லியின் பெடல் ஸ்டீலைக் கேட்பது எப்படி

பக் ஓவன்ஸ் எழுதிப் பாடிய ‘டுகெதர் அகெய்ன்’ 1964-ல் கேபிடல் நிறுவனத்தின் இசைத்தட்டாக வந்தது. அதன் நடுவே பாடகர் ஓய, டாம் பிரம்லியின் பெடல் ஸ்டீல் கிட்டார் தனித்து ஒலிக்கும். அந்தத் தனிவாசிப்பு ஒரு நிமிடத்தைக்கூடத் தொடாது. அதில் வேகமும் இல்லை, விரல் வித்தையும் இல்லை. ஆனாலும் கன்ட்ரி இசையில் பெடல் ஸ்டீல் என்றதும் பலரும் முதலில் எடுத்து வைக்கும் பதிவுகளில் இது ஒன்று. மேலோட்டமாகக் கேட்பவருக்கு ஏதோ இழுவையான, சோகமான கிட்டார் என்ற அளவில் கடந்துபோய்விடும். உள்ளே நடப்பது காதில் விழ, அந்த வாத்தியம் இயங்கும் விதம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பெடல் ஸ்டீலைத் தோளில் மாட்டிக்கொள்வதில்லை. கால் வைத்த சிறு மேசை போல அது நிற்கும். வாசிப்பவர் அதன்முன் உட்கார்ந்திருப்பார். கன்ட்ரி இசையில் பெரிதும் புழங்குவது பத்துத் தந்திகள் கொண்ட, இ-9 என்ற சுருதி அமைப்பு. தந்திகளை விரலால் அழுத்துவதில்லை. இடது கையில் பிடித்த உருளையான எஃகுத் துண்டைத் தந்திகளின்மேல் வைத்து நகர்த்துவார்கள். ஃப்ரெட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள்தான் வரைந்திருக்கும். கண்ணுக்கு அவை ஒரு அடையாளம், அவ்வளவே. சுரம் சரியாக நிற்கிறதா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். வலது கையில் கட்டைவிரலுக்கு ஒரு மீட்டியும் இரண்டு விரல்களுக்கு உலோக மீட்டிகளும் உண்டு. இடது காலடியில் சுருதியை மாற்றும் பெடல்கள், வலது காலடியில் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பெடல், முழங்கால்களை ஒட்டித் தொங்கும் நெம்புகோல்கள் என்று உடம்பு முழுவதற்கும் வேலை இருக்கிறது.

எஃகுத் துண்டால் கிட்டாரை இழுத்து வாசிக்கும் முறை ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. அதை உருவாக்கியவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் ஜோசப் கெக்குகு. காலம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள். 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்க நிலப்பகுதி முழுவதும் ஹவாய் இசை மோகம் பரவியது. சில ஆண்டுகளில் கன்ட்ரி பாடகர்களும் இந்தக் கிட்டாரைத் தங்கள் பதிவுகளில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு தடை இருந்தது. எஃகுத் துண்டு நேரானது. அதை எங்கே நகர்த்தினாலும், தந்திகளுக்குள் முதலில் எந்த இடைவெளி வைக்கப்பட்டதோ அதே இடைவெளிதான் கூடவே நகரும். துண்டைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரே உடலில் இரண்டு, மூன்று கழுத்துகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி அமைத்தார்கள். பிறகு பெடல் வந்தது. முதலில் அது பாட்டுக்குப் பாட்டு சுருதி அமைப்பை மாற்றிக்கொள்ளும் வசதியாக இருந்தது. வெப் பியர்ஸ் பாடி 1954-ல் பெரிய வெற்றி பெற்ற ‘ஸ்லோலி’ பாட்டில் பட் ஐசக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை அழுத்தினார். மீட்டிய கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டின், உள்ளே ஒரு சுரம் மட்டும் ஏறுவதைக் கேட்டவர்கள் திகைத்தார்கள்; பிற ஸ்டீல் கலைஞர்கள் தங்கள் வாத்தியத்தில் பெடல் பொருத்த ஓடினார்கள் என்பது அந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை.

அந்த ஒரு அசைவைப் புரிந்துகொண்டால் பிரம்லியின் வாசிப்பில் பாதி திறந்துவிடும். கர்நாடக இசைச் சுரங்களில் சொல்வது இதற்கு வசதியாக இருக்கிறது. இ-9 அமைப்பில் அடுத்தடுத்த மூன்று தந்திகள் சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒலிப்பதாகக் கொள்ளலாம். முதல் பெடலை அழுத்தினால் பஞ்சமம் ஒரு முழுச்சுரம் ஏறிச் சதுஸ்ருதி தைவதமாகும். இரண்டாவது பெடலை அழுத்தினால் அந்தர காந்தாரம் அரைச்சுரம் ஏறிச் சுத்த மத்தியமமாகும். இரண்டையும் அழுத்தியபோது ச-க-ப என்ற கார்ட் ச-ம-த என்று மாறியிருக்கும். மேற்கத்திய முறையில் சொன்னால், முதல் கார்டிலிருந்து நான்காம் கார்டுக்குப் போயாயிற்று. எஃகுத் துண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. சட்ஜமும் அசையவில்லை.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இரண்டு பெடல்களும் ஒரே கணத்தில் இறங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் பெடல் சற்று முந்தினால், இடையில் ஒரு நொடியின் சிறு பங்குக்கு ச-க-த என்ற சேர்க்கை எழும். அது மைனர் கார்ட். மகிழ்ச்சியான ஒரு மேஜர் கார்டிலிருந்து இன்னொரு மேஜர் கார்டுக்குப் போகும் வழியில் ஒரு நிழல் விழுந்து மறைகிறது. பெடல் ஸ்டீலை ‘அழும் வாத்தியம்’ என்று சொல்லிச் சொல்லியே தேய்த்துவிட்டார்கள். அந்தச் சொல் கேட்பவரைச் சோம்பேறியாக்குகிறது: சோகம் எங்கே இருக்கிறது என்று தேட விடாமல், எங்கும் சோகம்தான் என்று முடித்துவைத்துவிடுகிறது. உண்மையில் அது பெரும்பாலும் இப்படிப்பட்ட வழிகளில், பாதி ஏறிய சுரங்களில் இருக்கிறது.

ஆகவே முதலில் பழக வேண்டியது, இழுப்பையும் பெடலையும் பிரித்துக் கேட்பது. எஃகுத் துண்டு நகரும்போது ஒலிக்கும் சுரங்கள் எல்லாம் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். பெடல் இறங்கும்போது ஒன்றோ இரண்டோ மட்டும் நகரும், மற்றது நிற்கும். தமிழ்க் காதுக்கு இங்கே ஒரு சாதகமும் ஒரு பாதகமும் உண்டு. சித்திரவீணை கேட்டவருக்கு ஃப்ரெட் இல்லாத தந்தியில் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகும் நாதம் புதிதல்ல. அந்த வழுக்கலில் எது நயம், எது வெறும் இழுவை என்று அவர் உடனே சொல்லிவிடுவார். ஆனால் கமகத்தைப் பின்தொடர்ந்து பழகிய காது, நகரும் ஒற்றைச் சுரத்தோடேயே போய்விடும். பெடல் ஸ்டீலில் அசையாமல் நிற்கும் சுரத்துக்கும் அதே மதிப்பு. ‘டுகெதர் அகெய்ன்’ தனிவாசிப்பை ஒருமுறை மேல் சுரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டு, அடுத்த முறை நிற்கும் சுரம் எது என்று மட்டும் தேடிக் கேட்டால், இரண்டும் வேறு வேறு வாசிப்புகளாகத் தோன்றும்.

அடுத்தது, சுரங்கள் பிறக்கும் விதம். கிட்டார் தந்தியை மீட்டினால் முதலில் ஒரு ‘டக்’ கேட்கும். பிறகு நாதம் தேய்ந்துகொண்டே போகும். இயற்கை அப்படி. ஸ்டீல் கலைஞர் வலது காலால் இதைத் தலைகீழாக்குகிறார். மீட்டும் கணத்தில் ஒலியைச் சற்று அடக்கி வைத்து, நாதம் தேயத் தேயப் பெடலைத் திறந்துகொண்டே போவார். தேய்வும் திறப்பும் சமமாக இருந்தால் சுரம் தேயாமல் நிற்கும். திறப்பு ஒரு படி முந்தினால் சுரம் பூரித்து எழும். வயலின் வில்லோ மனிதக் குரலோ தரும் தொடர்ச்சியை ஒரு மீட்டு வாத்தியம் பெறுவது இப்படித்தான். எளிதில் கெட்டுப்போகும் நுட்பமும் இதுதான். கற்றுக்குட்டிகள் ஒவ்வொரு சுரத்தையும் ஊதிப் பெருக்குவார்கள். நாலு வரி கேட்பதற்குள் கப்பலில் உட்கார்ந்த மாதிரி தலை சுற்றும். பிரம்லியின் கால் அடக்கமானது. எந்தச் சுரம் வளர வேண்டும், எது பிறந்த அளவிலேயே போக வேண்டும் என்ற தேர்வு அவரிடம் தெளிவாகக் கேட்கும்.

ஒரு சுரம் முடிவதும் தானாக நடப்பதில்லை. பத்துத் தந்திகளும் திறந்து கிடக்கும் வாத்தியத்தில் முந்தைய சுரம் அடுத்ததன்மேல் வழிந்து குழம்பாமலிருக்க, வலது உள்ளங்கையின் விளிம்பு தந்தியைத் தொட்டு நிறுத்த வேண்டும். மெதுவான பாட்டில் இது வேகமான பாட்டைவிடக் கடினம் என்றே சொல்லலாம், ஒளிந்துகொள்ள இடமில்லை. இரண்டு சொற்றொடர்களுக்கு இடையே விழும் வெற்றிடம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று கவனித்தால் கைத்தேர்ச்சி தெரிந்துவிடும். எஃகுத் துண்டை லேசாக முன்னும் பின்னும் ஆட்டித் தரும் அதிர்வும் அப்படித்தான். அது அகலமானால் ஹவாய்க் கடற்கரை வாசனை வந்துவிடும். கன்ட்ரிக்காரர்கள் பெரும்பாலும் அதைக் குறுக்கி வைப்பார்கள்.

இனி இந்தத் தனிவாசிப்பு அமர்ந்திருக்கும் பாட்டு. கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் நகரம், 1930-களின் வறட்சியிலும் புழுதிப் புயலிலும் நிலமிழந்து ஓக்லஹோமா, டெக்சாஸ் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் நிறைந்த ஊர். அவர்கள் கூடும் மதுக்கூடங்களில் வளர்ந்த இசை, நாஷ்வில் நகரத்துத் தயாரிப்பாளர்கள் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் சேர்த்து மெருகேற்றிய கன்ட்ரியிலிருந்து விலகி நின்றது. கூரான டெலிகாஸ்டர் கிட்டார், ஓங்கிய டிரம்ஸ், ஸ்டீல், குறைந்த ஆட்கள். டெக்சாஸில் 1929-ல் பிறந்த பக் ஓவன்ஸ் அதன் பெரிய முகம். அவருடைய குழுவுக்கு ‘பக்கரூஸ்’ என்று பெயர். மிசூரி மாநிலத்துக்காரரான பிரம்லி, ‘ஐ’ல் ஃபிளை அவே’ என்ற புகழ்பெற்ற பக்திப் பாட்டை எழுதிய ஆல்பர்ட் பிரம்லியின் மகன். குழுவில் சேர்ந்து கொஞ்ச காலத்திலேயே இந்தப் பதிவு அமைந்தது.

இசைத்தட்டின் முன்பக்கம் ‘மை ஹார்ட் ஸ்கிப்ஸ் எ பீட்’ என்ற துள்ளல் பாட்டு. ‘டுகெதர் அகெய்ன்’ பின்பக்கத்துக்குப் போனது. கடைசியில் இரண்டு பக்கங்களுமே கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தன. ஒன்றை ஒன்று தள்ளி மேலே வந்தன.

பின்பக்கப் பாட்டின் சொற்கள் மகிழ்ச்சியானவை. பிரிந்தவர்கள் சேர்ந்துவிட்டார்கள், அழுகை நின்றது, இனி வேறெதுவும் பெரிதில்லை. கார்டுகளும் எளிமையானவை: முதல், நான்காம், ஐந்தாம் கார்டுகளைச் சுற்றியே பாட்டு நகர்கிறது. ஆனால் நடை மெல்லியது. மெட்டு, இழந்தவர் பாடுவதைப் போல இருக்கிறது. ஆங்கிலம் தெரியாமல் கேட்பவர் இதைப் பிரிவுப் பாட்டு என்றே நினைப்பார். ஓவன்ஸ் குரலை ஏற்றிக் கொண்டாடவுமில்லை, தழுதழுக்கவுமில்லை, நேராகப் பாடுகிறார். சேர்ந்தது நிலைக்குமா என்ற கேள்வியைச் சொற்கள் எழுப்பவே இல்லை. ஸ்டீல்தான் எழுப்புகிறது. முதல் கார்டிலிருந்து நான்காம் கார்டுக்கு நகரும் ஒவ்வொரு இடமும் மேலே சொன்ன ச-க-ப, ச-ம-த அசைவுக்கு இடம் கொடுப்பது. அங்கே எஃகுத் துண்டை இழுத்துப் போய்ச் சேர்ந்திருக்கலாம். அது ஒரு வழுக்கலாக முடிந்திருக்கும். பெடலால் போகும்போது ஒரு சுரம் நின்ற இடத்தில் நிற்க, மற்றவை அதைவிட்டு விலகி, பிறகு திரும்பி வந்து சேர்கின்றன. பாட்டின் பொருளைச் சொல்லில்லாமல் சொல்ல இதைவிடப் பொருத்தமான கருவி அமைவது அரிது. பிரம்லி அதைத் திட்டமிட்டாரா என்பது தேவையற்ற ஆராய்ச்சி. கேட்பவருக்குக் கேட்கிறது, அது போதும்.

தனிவாசிப்பை மட்டும் வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்பக் கேட்பது கற்க உதவும், ரசிக்க உதவாது. அதற்கு முன்னால் ஓவன்ஸ் பாடும்போது ஸ்டீல் என்ன செய்கிறது என்பதையும் கேட்க வேண்டும். பாடகர் மூச்சு வாங்கும் இடங்களில் ஓரிரு சுரங்கள். அவர் பாடத் தொடங்கியதும் பின்வாங்கல். பாடகரின் வரியைத் தொந்தரவு செய்யாமல் அதன் வாலைப் பிடித்துக்கொள்வது, நல்ல பக்கவாத்தியக்காரர்களுக்கே உரிய கண்ணியம். நடுவில் முழு இடமும் கிடைக்கும்போதும் அந்த அடக்கம் போய்விடவில்லை. மெட்டின் நிழல் கடைசிவரை கூடவே வருகிறது. பாடகர் திரும்பி வரும்போது வேறு பாட்டுக்குள் நுழைந்ததாகத் தோன்றுவதில்லை. ஹெட்போனில் கேட்பது நல்லது. செல்போனின் சிறிய ஒலிபெருக்கியில் உள்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும்.

இந்தப் பதிவின் அளவு புரிய, பக்கத்தில் வேறு சிலவற்றை வைத்துப் பார்க்கலாம். ஓவன்ஸின் முந்தைய பதிவுகளில் ஒன்றான ‘அண்டர் யுவர் ஸ்பெல் அகெய்ன்’ பாட்டில் ரால்ஃப் மூனியின் ஸ்டீல் உண்டு. சுரங்கள் சிறியவை, கூரானவை, குதிப்பவை. பிரம்லி நிறுத்தி வைக்கும் இடத்தில் மூனி தாண்டிவிடுவார். ரே பிரைஸின் 1963-ஆம் ஆண்டு ‘நைட் லைஃப்’ ஆல்பத்தில் பட்டி எமன்ஸ் ஸ்டீலை ஜாஸ், புளூஸ் பக்கம் கொண்டுபோவது கேட்கும். சிக்கலான கார்டுகளை விரும்புகிறவர்களுக்கு அதுவே முதலில் பிடிக்கும். ‘டுகெதர் அகெய்ன்’ பாட்டை ரே சார்ல்ஸும், 1976-ல் முதலிடம் பிடித்த வடிவத்தில் எமிலூ ஹாரிஸும் பாடியிருக்கிறார்கள். இரண்டையும் கேட்டுவிட்டு மூலப் பதிவுக்குத் திரும்பினால், பாட்டுக்குச் சொந்தமானது எது, பிரம்லிக்குச் சொந்தமானது எது என்று பிரிந்து தெரியும்.

ராக் இசைக்காரரான ஜெர்ரி கார்சியா, கிராஸ்பி ஸ்டில்ஸ் நாஷ் யங் குழுவின் ‘டீச் யுவர் சில்ட்ரன்’ (1970) பாட்டில் வாசித்த பெடல் ஸ்டீல், கன்ட்ரி கேட்காதவர்களையும் சென்றடைந்த ஒன்று. அவர் அப்போது அந்த வாத்தியத்துக்குப் புதியவர். பெடல் ஏற்றங்கள் எளிமையாகவும் வெளிப்படையாகவும் இருப்பதால் பழகும் காதுக்கு நல்ல பாடம். அதில் ஏறும் சுரத்தையும் நிற்கும் சுரத்தையும் பிரித்துக் கேட்டுப் பழகிவிட்டுப் பிரம்லியிடம் வரலாம். பிரம்லியும் பின்னர் ரிக் நெல்சனின் ‘ஸ்டோன் கேன்யன் பேண்ட்’ குழுவுக்குப் போய் 1970-களில் அங்கே வாசித்தார். 1972-ன் ‘கார்டன் பார்ட்டி’ பாட்டில் கேட்பது அவருடைய ஸ்டீல்தான். நடை துரிதமானது, சுரங்கள் லேசானவை, நிற்கும் சுரங்களுக்கு அங்கே அதிக நேரம் கிடைப்பதில்லை.