எஞ்சி நிற்பவர்கள்: பழனிமலையின் சோகக் காதல் கதைகள்

அறுபது வயதை ஒட்டிய தமிழர்களில் பூரணி என்றோ அரவிந்தன் என்றோ பெயர் கொண்ட பலருக்கு அந்தப் பெயர் ஒரு தொடர்கதையிலிருந்து வந்தது. 1960-ஐ ஒட்டிய காலத்தில் ‘கல்கி’ வார இதழில் மணிவண்ணன் என்ற புனைபெயரில் நா. பார்த்தசாரதி எழுதிய ‘குறிஞ்சி மலர்’தான் அந்தக் கதை. அதில் அரவிந்தன் இளமையிலேயே இறந்துபோகிறான். அவனோடு வாழப் பூரணிக்குக் கொடுத்துவைக்கவில்லை. அது தெரிந்தேதான் பெற்றவர்கள் அந்தப் பெயர்களைத் தொட்டிலில் இட்டார்கள். அகால மரணம் அடைந்தவனின் பெயரைப் பிள்ளைக்கு வைக்க நம் குடும்பங்கள் எளிதில் துணிவதில்லை. கோவலன் என்று பெயர் வைத்தவர்கள் எத்தனை பேர்? அப்படியிருக்க அரவிந்தனுக்கு மட்டும் அந்தத் தயக்கம் ஏன் விலகியது என்ற கேள்வி என்னை நெடுநாள் தொடர்ந்திருக்கிறது. பழனிமலைத் தொடரையும் கோடைக்கானலையும் சுற்றி எழுந்த காதல் கதைகளை வரிசையாகப் படித்தபோதுதான் அதற்கு விடைபோல ஒன்று புலப்பட்டது.

தமிழ் இலக்கணத்தில் மலை கூடுவதற்கான இடம். குறிஞ்சித் திணைக்குப் புணர்தல் என்று வகுத்தார்கள். பிரிவுக்குப் பாலை, இரங்கலுக்குக் கடற்கரை. தினைப்புனம் காத்த வள்ளியை முருகன் கண்டு மணந்ததும் மலையில்தான். ஆனால் முருகனுக்கே உரிய இந்த மலைத்தொடரில் பிறந்த கதைகளை அடுக்கிப் பார்த்தால், நினைவில் நிற்பவை பெரும்பாலும் இழப்பின் கதைகளாக இருக்கின்றன.

முதலில் ‘குறிஞ்சி மலர்’. ஆங்கிலப் பதிப்புலகில் பதின்வயதைக் கடக்கும் வாசகர்களுக்கென்று தனி அலமாரியே உண்டு. தமிழில் அந்த வேலையைச் செய்தது வாரப்பத்திரிகைத் தொடர்கதை. பள்ளி இறுதி வகுப்பிலும் கல்லூரி முதலாண்டிலும் இருந்தவர்கள், வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டு படித்தார்கள். கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்தார்கள். அப்படி ஒரு தொகுப்பைப் பழைய புத்தகக் கடையில் புரட்டியிருக்கிறேன். கனத்த அட்டை, காலிகோ முதுகு, பின் துருப்பிடித்த ஓட்டைகள். ஓவியத்துக்குப் பக்கத்திலேயே சோப்பு விளம்பரத்தின் பாதி. ஓர் அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு, அதனருகே தேதி மட்டும். யாரோ ஒருவருக்கு அந்தப் பத்தி அந்தத் தேதியில் தேவைப்பட்டிருக்கிறது.

மதுரையில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த அழகியசிற்றம்பலம் இறந்துவிட, திருநாவுக்கரசு, சம்பந்தன், மங்கையர்க்கரசி என்ற தம்பி தங்கைகளை வளர்க்கும் பொறுப்பு மூத்தவளான பூரணியின் தலையில் விழுகிறது. குடும்பம் திருப்பரங்குன்றத்தில் இருக்கிறது. வேலை தேடி வெயிலில் அலைந்து தெருவில் மயங்கி விழும் பெண்ணாகத்தான் அவளை நாம் நெருங்கிப் பார்க்கிறோம். அரவிந்தன் ஓர் அச்சகத்தில் வேலை பார்ப்பவன், கவிதை மனம் கொண்டவன். பேராசிரியரின் நூல்களை அச்சிடும் வேலை இருவரையும் அருகில் கொண்டுவருகிறது. பெரிய மனிதர்களின் வஞ்சமும் தேர்தலும் மேடைகளும் ஊடே வந்துபோகின்றன. இவற்றுக்கு நடுவே அவர்களுக்கு வாய்த்த மிக நல்ல நாட்கள் கோடைக்கானலில் கழிகின்றன. அங்கே குறிஞ்சி பூத்திருக்கிறது.

பழனிமலையில் 1958, 1970, 1982, 1994, 2006, 2018 என்று 12 ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்திருக்கிறது. நா.பா. தொடரை எழுதியபோது 1958-இன் பூப்பு மக்கள் மனதில் பசுமையாக இருந்திருக்க வேண்டும். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. பூரணி போன்ற பெண் அரிதாகவே தோன்றுவாள் என்ற பொருளில் அவர் அந்தப் பூவை எடுத்துக்கொண்டார். ஆனால் செடியின் வாழ்க்கையில் இன்னொரு செய்தி உண்டு. குறிஞ்சி ஒரே ஒருமுறை பூக்கிறது. பூத்து, விதை உதிர்த்து, அந்தச் செடி பட்டுப்போகிறது. மலைச்சரிவில் நீலமாக நின்றவை எல்லாம் அடுத்த சில மாதங்களில் காய்ந்த குச்சிகளாகிவிடும். மலையில் நின்ற அந்த இருவரின் மகிழ்ச்சியை இந்தச் செய்தியோடு சேர்த்துப் படித்தால் நாவல் இன்னும் கனக்கிறது.

நா.பா.வை லட்சியவாதி என்று சொல்லி ஒதுக்கிவைப்பது விமர்சகர்களிடையே பழக்கமாகிவிட்டது. பூரணி பேசுவது பல இடங்களில் மேடைப் பேச்சாக இருக்கிறது, நல்லவர்கள் மாசு மருவே இல்லாமல் வருகிறார்கள் என்ற குறைகளை நானும் ஏற்கிறேன். அந்தக் குறைகளைக் குறித்துக்கொண்டே மறுவாசிப்புச் செய்தவன், இறுதிப் பகுதியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். தொண்டை அடைத்துக்கொண்டது. என்னை அசைத்தது அரவிந்தனின் சாவு அல்ல. அது வரப்போகிறது என்பது எனக்கு முன்பே தெரியும். அதற்குப் பிறகும் பூரணி எழுந்து முகம் கழுவி, தம்பிகளையும் தங்கையையும் பார்த்துக்கொண்டு, ஊருக்கு உழைக்கக் கிளம்புகிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தாலி ஏறாத கழுத்தோடு அவள் ஒரு வாழ்க்கை முழுவதையும் வாழ வேண்டியிருக்கிறது. அதை நா.பா. விரித்து எழுதவில்லை, நம்மிடம் விட்டுவிடுகிறார். பெற்றவர்கள் ஏன் அந்தப் பெயர்களை வைத்தார்கள் என்பது அங்கே எனக்குப் புரிந்தது. கதை முடிந்த பிறகும் பூரணி உயிரோடு இருந்தாள். அவள் காத்துவந்த பெயரைத்தான் அவர்கள் தங்கள் பிள்ளைக்கு வைத்தார்கள். பிற்காலத்தில் தூர்தர்ஷன் தொடரில் அரவிந்தனாக நடித்தவர் மு.க. ஸ்டாலின் என்பதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நாவல் படிக்காத வீடுகளுக்கும் அந்தப் பெயர் அந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது.

சோகக் காதலின் கனம் இறந்தவரிடம் இருப்பதில்லை, எஞ்சியவரிடம் இருக்கிறது என்ற எண்ணத்தோடு இதே மலையின் மிகப் பழைய கதைக்குப் போனால் வியப்பு காத்திருக்கிறது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை எல்லோருக்கும் தெரியும். பழனிமலைப் பகுதியை ஆண்ட ஆவியர் குலத் தலைவன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் மனைவியைத் தெரிந்தவர்கள் குறைவு. அவள் பெயரும் கண்ணகிதான். பேகன் அவளைப் பிரிந்து இன்னொருத்தியை நாடிப் போய்விட்டான். புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களும் அவளுக்காக நிற்கின்றன. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் ஒரு பெண்ணின் கண்ணீருக்காக ஓர் அரசனிடம் வாதாடுகிறார்கள். இதற்கு இணையான ஒன்றை நம் பழைய இலக்கியத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

கபிலர் சொல்வதைக் கவனியுங்கள். நேற்று நானும் என் சுற்றமும் பசியோடு வந்து உன் வாசலில் நின்று உன் மலையைப் பாடினோம், அப்போது ஒருத்தி வந்தாள், வழிந்த கண்ணீரை அவளால் அடக்க முடியவில்லை, குழல் அழுவதுபோல் அழுதாள், யார் அவள் என்று கேட்கிறார். யாரென்று அவருக்குத் தெரியும். இருந்தும் கேட்கிறார். பரணரின் பாட்டில் அவளே பேசுகிறாள். நீ பேகனுக்கு உறவா என்று கேட்டதற்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் அவருக்கு உறவில்லை, என்னைப்போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி அவர் தினமும் தேரேறிப் போகிறார் என்று ஊரார் சொல்கிறார்கள் என்கிறாள். உறவில்லை என்ற பதிலுக்குள் ஒரு மணவாழ்க்கை முழுவதும் சிதைந்து கிடக்கிறது. அடுத்த பாடலில் பரணர், நாங்கள் பசித்து வரவில்லை, எங்களுக்கு நீ தரவேண்டிய பரிசில் இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதுதான் என்கிறார். அரிசில்கிழார் பொன்னும் அணிகலனும் வேண்டாம் என்று மறுத்து, அவள் கூந்தலில் மறுபடி பூ ஏறும்படி குதிரையைப் பூட்டு என்று கேட்கிறார். கொடையை நம்பிப் பிழைத்த புலவர்கள் கொடையை வேண்டாம் என்பது சிறிய காரியமில்லை. குளிரில் மயிலுக்கு இரங்கியவனிடம் மனைவிக்கு இரங்கும்படி கேட்க வேண்டிவந்ததே என்ற வருத்தம் இந்தப் பாடல்களின் அடியில் ஓடுகிறது. பேகன் திரும்பிப் போனானா என்று பாடல்கள் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டுப் பூரணியிடம் திரும்பினால் இருவரும் அக்கா தங்கைபோலத் தெரிகிறார்கள். ஒருத்தியைக் கணவன் விட்டுப்போனான், இன்னொருத்தியைக் காலன் பிரித்தான். இரண்டிலும் நாம் பார்ப்பது பின்னால் நின்றுவிட்டவளைத்தான்.

சிலப்பதிகாரத்தின் கண்ணகியும் கடைசியில் மலைக்குத்தான் வருகிறாள். மதுரை எரிந்தபின் வைகைக் கரையோடு மேற்கே நடந்து நெடுவேள் குன்றம் ஏறி வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். அந்தக் குன்றம் பழனிமலையைச் சேர்ந்ததில்லை. இன்று தேனி மாவட்டத்தின் கூடலூருக்கு மேலே மங்கலதேவி கோட்டம் இருக்கும் மலையையே அதுவெனக் கொள்வது வழக்கம். அவள் விண்ணேறியதைக் கண்டவர்கள் மலைக்குறவர்கள். சேரன் செங்குட்டுவனிடம் போய்ச் சொன்னவர்களும் அவர்களே. அவர்கள் சாட்சி சொல்லியிராவிட்டால் இமயத்துக் கல்லும் இல்லை, வஞ்சிக் காண்டமும் இல்லை.

வெளிநாட்டிலும் இளைஞர்களை உலுக்கிய கதைகள் இதே வழியில் போயிருக்கின்றன. எரிக் சீகல் 1970-இல் எழுதிய ‘லவ் ஸ்டோரி’ அந்தப் பெண் இறந்துவிட்டாள் என்ற செய்தியோடுதான் தொடங்குகிறது. சொல்பவன் எஞ்சிய கணவன். ஜான் கிரீன் 2012-இல் எழுதிய ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ நாவலில் புற்றுநோயோடு வாழும் ஹேசல் என்ற பெண் கதை சொல்கிறாள், அவளுக்கு முன் காதலன் இறந்துவிடுகிறான். இந்தியில் அது 2020-இல் ‘தில் பேச்சாரா’ என்று வந்தபோது, அதில் நடித்த சுஷாந்த் சிங் ராஜ்புத் படம் வெளியாகும் முன்பே இறந்துவிட்டிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்த இளைஞர்கள் எதற்கு அழுதார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கோடைக்கானலுக்குத் திரும்பினால் 1991-இல் சந்தானபாரதி இயக்கத்தில் வந்த ‘குணா’ நிற்கிறது. மனம் பிறழ்ந்த இளைஞன், அவன் அபிராமியாக நம்பும் பெண், இருவரும் ஒளிந்து வாழும் குகை. ‘பேயின் சமையலறை’ என்ற பொருளில் ஆங்கிலேயர் பெயரிட்டிருந்த அந்தப் பாறைப் பிளவுகள் அன்றிலிருந்து குணா குகை ஆயின. இளையராஜாவின் இசையும் கமல்ஹாசனின் நடிப்பும் அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்துகின்றன. ஆனாலும் அதன் முடிவு என்னைப் பூரணி அசைத்த மாதிரி அசைத்ததில்லை. இறந்தவளை ஏந்திக்கொண்டு அவன் பள்ளத்தில் குதித்துவிடுகிறான். நினைத்து அழ அவர்கள் கதைக்குள் யாரும் மிஞ்சவில்லை. நாம் திகைக்கிறோம், அவ்வளவே.

இந்தத் திகைப்பில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. காதலின் உச்சம் பள்ளத்தாக்கின் விளிம்பு என்று இளம் மனதில் பதிவதை நான் அஞ்சுகிறேன். கோடைக்கானலில் ஒரு காட்சிமுனையைத் தற்கொலை முனை என்றே பலகாலம் அழைத்தார்கள், சுற்றுலா வழிகாட்டிகள் கதை சொல்லிக் காட்டினார்கள். இப்போது பசுமைப் பள்ளத்தாக்கு என்று மாற்றியிருப்பது சரியான செயல். குணா குகையின் பிளவுகளும் உயிர்களைக் காவுகொண்டு, பின்னர் வேலியிட்டு அடைக்கப்பட்டன. 2006-இல் அங்கே விழுந்த ஒருவரை அவர் நண்பரே இறங்கி மீட்ட உண்மை நிகழ்ச்சியை வைத்து 2024-இல் மலையாளத்தில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தது. குணாவின் காதல் பாட்டு அதில் நண்பர்களுக்கான பாட்டாகியிருக்கிறது. விழுந்தவனை விட்டுப் போகமாட்டோம் என்று மேலே நிற்பவர்களின் கதை அது. திரையரங்கில் தமிழ் இளைஞர்கள் அந்த இடத்தில் அழுததற்கு, மேலே நின்றவர்களின் முகங்களே காரணம் என்று நினைக்கிறேன்.

இத்தனையையும் அடுக்கியபின் ஒரு குறை உறுத்துகிறது. பேகனையும் அவன் மனைவியையும் தவிர இந்த மலைக் கதைகளின் காதலர்கள் எல்லோரும் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்கள். வத்தலக்குண்டிலிருந்து காட் ரோடு வழியாக ஏறி, ஏரியையும் பைன் மரங்களையும் குறிஞ்சி ஆண்டவர் கோயிலையும் பார்த்துவிட்டு இறங்கிப் போகிறவர்கள். அந்தக் கோயிலைக்கூட 1936-இல் எழுப்பியவர் இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து லீலாவதியான ஆஸ்திரேலியப் பெண்மணி, அதுவும் கணவர் காலமாகி ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு. பளியர்களும் புலையர்களும் மன்னாடியார்களும் தலைமுறை தலைமுறையாக வாழும் மலை இது. மன்னவனூரிலும் பூம்பாறையிலும் கூக்கலிலும் பெண்கள் காதலித்திருக்கிறார்கள், காத்திருந்திருக்கிறார்கள், எஞ்சியிருக்கிறார்கள். 1963-இல் ராஜம் கிருஷ்ணன் ‘குறிஞ்சித் தேன்’ நாவலில் நீலகிரிப் படகர்களின் வாழ்வைக் குறிஞ்சிப் பருவங்களால் அளந்து எழுதினார். எனக்குத் தெரிந்தவரை பழனிமலைக்கு அப்படி ஒரு நாவல் வரவில்லை. யூகலிப்டஸும் வாட்டிலும் பைனும் புல்வெளியை மூடிக்கொண்டே போக, குறிஞ்சி நின்ற சரிவுகளும் சுருங்கிவிட்டன. அந்தச் சரிவுகளில் ஆடு மாடு ஓட்டியவர்களின் நினைவிலிருந்துதான் அந்த நாவல் வரவேண்டும்.

சேரனிடம் போய்ச் சாட்சி சொன்ன மலைமக்கள் இன்றைய கதைகளில் வழிகாட்டியாகவோ சுமைதூக்கியாகவோ வந்துபோகிறார்கள். அடுத்த குறிஞ்சி 2030-இல் பூக்க வேண்டும். அதற்குள் இந்த ஊர்களின் பாட்டிமார்களிடம் உட்கார்ந்து, அவர்கள் வாயால் கேட்டு எழுத ஒருவர் மலையேறினால் போதும். கோடைக்கானல் கல்லூரிகளில் படிக்கும் மலைக்கிராமத்துப் பிள்ளைகளே அதைச் செய்ய முடியும், அவர்களுக்கு அந்தப் பேச்சு வீட்டுப் பேச்சு.