எதிரே நிற்பவர்

மலருக்குக் கட்டுரை கேட்ட செயலாளர், கராத்தேப் பள்ளிகளைப் பற்றிப் பொதுவாக எழுதச் சொன்னார். ஷூரி, நாஹா பரம்பரைகளை நம் உறுப்பினர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அவருடைய அனுமதியோடு ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் டான், நான்காம் டான் தேர்வுக்குப் போகிறவருக்கு மாதக்கணக்கில் எதிரே நின்று, அடித்தும் அடிவாங்கியும் அவரைத் தயார் செய்கிற பார்ட்னரைப் பற்றி எழுதுகிறேன். சான்றிதழில் அவர் பெயர் வராது. குழுப் படத்திலும் ஓரத்தில்தான் இருப்பார். ஆனால் ஒரு பள்ளியின் தரம் என்னவென்று அறிய நான் முதலில் பார்ப்பது அவரைத்தான்.

டான் என்பதே நமக்கு ஜூடோவிலிருந்து வந்த இரவல். கானோ ஜிகோரோ 1883இல் தம் மாணவர்களுக்கு முதல் டான் வழங்கினார். புனாகோஷி ஆசான் 1924 ஏப்ரலில் ஏழு பேருக்கு வழங்கினார். கோஜு-ரியூவின் மியாகி சோஜுன் கடைசிவரை யாருக்கும் டான் கொடுக்கவில்லை. கோஜு நண்பர்கள் இதைச் சற்றுப் பெருமையோடு சொல்வதுண்டு. சொல்லட்டும். 1953இல் அவர் மறைந்த பிறகு அவர்களும் பெல்ட் கட்டி, தேர்வு வைத்து, நம்மைப் போலத்தான் ஆனார்கள்.

ஆனாலும் அவர்களிடம் ஒன்றை நான் மதிக்கிறேன். சாஞ்சின் செய்பவரின் தோளிலும் தொடையிலும் மூத்தவர் தட்டிப் பார்க்கும்போது பொய்க்கு இடமே இல்லை. உறுதியில்லாத இடம் கைக்குத் தெரிந்துவிடும். காகியேயில் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டித் தள்ளும் துணைவருக்கும் அப்படியே. வாடோ-ரியூ வேறு வழி. ஜுஜுட்சுவில் ஊறிவந்த ஓட்சுகா ஹிரோனோரி உடலை நூலிழை விலக்குவதையே கலையின் உயிராக வைத்தார். நேர்க்கோட்டில் வராத குத்துக்கு விலகுவது வெறுமனே தள்ளி நிற்பதுதான் என்பதால், வாடோவில் தாக்குபவர் சோம்பினால் தேர்வே நடக்கவில்லை என்று பொருள். கியோகுஷினில் பார்ட்னர் ஒருவரல்லர், ஒரு வரிசை. களைத்தவர் முன் புத்துணர்ச்சியோடு அடுத்தவர் வந்து நிற்பார். அங்கே கருணையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஷிட்டோ-ரியூவில் கட்டாக்களின் பட்டியல் மிக நீளம், துணைக்கு நிற்பவருக்கு நினைவாற்றலும் வேண்டும். அதற்குமேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

இனி எங்கள் ஷோட்டோகான். கொஞ்சம் நீட்டிச் சொன்னால் பிற பள்ளியினர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜியூ இப்போன் குமித்தேயில் எங்கே அடிக்கப் போகிறேன் என்பதைத் தாக்குபவர் முன்பே சொல்லிவிடுகிறார். எப்போது என்பது ஒன்றுதான் ரகசியம். அந்த ஒரே ரகசியத்தையும் தோளைத் தூக்கியோ, மூச்சை இழுத்தோ, பின்காலைத் தரையில் தேய்த்தோ காட்டிக்கொடுத்துவிட்டால் தடுப்பவருக்கு வேலை ஏது? எங்கள் மாஸ்டர் தேர்வுக்குப் போகிறவரைத் திட்டி நான் பார்த்ததில்லை. “அவன் ஏன்டா இப்படித் தடுக்கிறான்? நீ இப்படி வந்தா அவன் வேற எப்படித் தடுப்பான்?” என்று எதிரே நின்றவன்மேல்தான் பாய்வார். மதுரையில் பள்ளிக்கூட மைதானத்தின் செம்மண்ணில் அந்தத் திட்டை வாங்கியவர்கள் இன்று நம் சங்கத்தின் மூத்த வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

அவர் வைத்த பயிற்சி ஒன்று. தேர்வுக்காரர் தடுக்கக்கூடாது, விலகக்கூடாது, சும்மா நிற்க வேண்டும். தாக்குபவர் முழு வேகத்தில் வந்து தாடையின் தோலைத் தொட்டு நிறுத்த வேண்டும். ஒரு சாண் முன்னாலேயே முஷ்டி நின்றுவிட்டால் முதலிலிருந்து. இடித்துவிட்டாலும் முதலிலிருந்து. இது தேறிய பிறகுதான் தடுக்கவே அனுமதி. கடைசி மாதத்தில் பார்ட்னரையே மாற்றிவிடுவார். உயரமானவரை, இடக்கைக்காரரைக் கொண்டுவந்து நிறுத்துவார். பழகிய உடம்பின் அசைவை மனப்பாடம் செய்துவிட்டு அதைத் திறமை என்று எண்ணிக்கொள்வோம் என்பது அவருக்குத் தெரியும்.

கட்டாவிலும் துணைக்கு வேலை உண்டு. கோகுட்சு நிலையில் குதிகால் தூக்குகிறதா என்பது பின்னால் நின்று பார்ப்பவருக்கே தெரியும். தொடங்கிய இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டு, முடிக்கும்போது எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று காட்ட வேண்டும். உன்சுவின் சுழல் தாவலை நாற்பது தாண்டியவர் ஒரே மாலையில் திரும்பத் திரும்பச் செய்தால் முழங்கால் போய்விடும். “இன்னிக்கு இது போதும்ணே” என்று நிறுத்தும் துணிவும் வேண்டும். தேர்வுக்கு முந்திய வாரம் ஃபைட் கூடாது என்பது மாஸ்டரின் சட்டம். ஆர்வக் கோளாறில் நண்பனின் விலாவை உடைத்து அனுப்பும் உதவியை யாரும் கேட்கவில்லை.

இப்போது நடப்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. யாரையும் குறித்துச் சொல்லவில்லை; நம் சங்கத்தில் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் டான் தேர்வன்று எதிரே நிற்பவர் காதோரம் காற்றைக் குத்துகிறார். தேர்வுக்காரர் அசையாமல் நின்றாலும் அந்தக் குத்து படாது. பதிலடி வருமுன்பே சினிமா சண்டைக்காரர் போலப் பறந்து விழுகிறார். “மச்சான், லேசா வா” என்று தேர்வுக்காரரே கேட்டு வாங்குகிறார். அதற்கு நட்பு என்று பெயர் வேறு. குமித்தே முழுவதும் முன்கூட்டியே பேசி வைத்த நடனம். பிறகு பத்து ஓடு உடைக்கிறார்கள். கைமேல் பைக் ஏற்றிக்கொள்கிறார்கள். ஓடு திருப்பி அடிக்காது. பைக்குக்கு டைமிங் தெரியாது. இதில் எந்தக் கட்டாவின் எந்த அசைவு சோதிக்கப்படுகிறது என்று கேட்டால், பழைய ஆள் என்கிறார்கள். கருப்புப் பெல்ட்டில் தங்க எழுத்தில் பெயர் பின்னிய பிறகு தேர்வுக்கு வருபவர்களும் உண்டாம். வாழ்த்து ஃபிளெக்ஸ் முந்தைய நாளே கட்டியாகிவிடுகிறது. தேர்வாளர் மாநாட்டுத் தலைவர்போலச் சால்வைக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்திருக்கிறார். கியாய் கூட மாறிவிட்டது. அடிவயிற்றிலிருந்து வர வேண்டியது இப்போது வீடியோ எடுப்பவரைப் பார்த்துத் தொண்டையிலிருந்து வருகிறது. ஃபெயில் ஆனவர் பெயரைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

போட்டிகளைக் குறை சொல்ல வரவில்லை. புனாகோஷி ஆசான் மறைந்த 1957ஆம் ஆண்டிலேயே ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதல் அகில ஜப்பான் போட்டியும் நடந்தது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டாவுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். போட்டிக்காரர்கள் எதிராளியை உண்மையாகவே அடிக்க வருகிறார்கள். என் வழக்கு டான் மேடையில் பொய்யாக அடிப்பவர்களோடு மட்டும்தான்.

செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தேர்விலிருந்து தாக்குபவருக்கும் மதிப்பெண் போட வேண்டும். அவருடைய அடி எட்டாவிட்டால் தேர்வாளர் அதே இடத்தில் நிறுத்தி, வேறு பார்ட்னரை அழைக்க வேண்டும். பொதுக்குழுவில் நான் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரத் தயார். வழிமொழிய ஒருவர் வேண்டும்.