4060-ஆ, 4070-ஆ? இரு வரைவியல் அட்டைகள் குறித்து ஒரு மதிப்பீடு

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ உள்ள ஒரு நடுத்தரக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளை ஒரு கணிப்பொறி கேட்கிறான். விளையாட்டும் ஆடலாம், படிப்புக்கும் ஆகும் என்று சொல்கிறான். பணம் ஒரு முறைதான் புரட்ட முடியும். ரிச்சி தெருக் கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைக்கிறார். ஒன்றில் 4060 என்றும் மற்றதில் 4070 என்றும் அச்சிட்டிருக்கிறது. எண்ணில் வேறுபாடு பத்துதான். விலையில் வேறுபாடோ ஏறத்தாழ இரு மடங்கு. அந்த இரண்டாம் மடங்குக்கு என்ன கிடைக்கிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இரண்டும் என்விடியா என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். வரிசையைச் சேர்ந்தவை. 4070 வந்தது 2023 ஏப்ரலில். 4060 அதே ஆண்டு ஜூன் மாதக் கடைசியில். வெளியீட்டு விலை முறையே 599 டாலர், 299 டாலர். 2025-இல் இவற்றின் வாரிசுகளாக 5060, 5070 வந்துவிட்டன. புதியவற்றை விட்டுப் பழையவற்றைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பழைய பொருளைப் பற்றித்தான் விளம்பரத்தின் இரைச்சலின்றி நிதானமாகப் பேச முடியும். மேலும், வாரிசுகள் பெற்றோரின் குறைகளை அப்படியே கொண்டு வந்திருக்கின்றன. 5060-இல் அதே 8 ஜிகாபைட் நினைவகம், 5070-இல் அதே 12.

முதலில் இந்த அட்டை செய்யும் வேலையைப் புரிந்துகொள்வோம். சாதாரண முழு எச்.டி. திரையில் குறுக்காக 1920, நெடுக்காக 1080 புள்ளிகள் உள்ளன; மொத்தம் 20,73,600. விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால், ஒவ்வொரு விநாடியும் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட்டாக வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் விநாடியின் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 16.7 மில்லி விநாடி. ஒரு புள்ளியின் கணக்கு பெரும்பாலும் பக்கத்துப் புள்ளியின் கணக்கை எதிர்பார்த்து நிற்பதில்லை. ஆகவே பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். வரைவியல் அட்டையின் இரகசியம் இவ்வளவே.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதிக்கு ஆடை தைக்கும் கூடங்களைப் பார்த்திருப்பீர்கள். 4060-ஐ 3,072 தையல்காரர்கள் கொண்ட ஒரு கூடம் என்று கொள்ளுங்கள். 4070-இல் 5,888 பேர். தைக்கும் வேகத்தில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். உச்சத்தில் முதலாவதன் துடிப்பு விநாடிக்கு 246 கோடி, இரண்டாவதன் துடிப்பு 247.5 கோடி. ஆள் பலம் மட்டுமே 92 சதவீதம் கூடுதல். அப்படியானால் வேலையும் ஏறத்தாழ இருமடங்கு நடக்க வேண்டும் அல்லவா? நடப்பதில்லை. கனமான விளையாட்டுகளில் 4070 பெரும்பாலும் ஒன்றரை மடங்கு வேகமே காட்டுகிறது. 2560-க்கு 1440 என்ற பெரிய திரையில் அதற்குச் சற்று மேலும் போகும், முழு எச்.டி. திரையில் சற்றுக் குறையும்.

மீதி எங்கே போயிற்று? தையல்காரர் எத்தனை பேர் இருந்தாலும் துணி வெட்டித் தருபவர் ஒருவர்தானே! கணிப்பொறியின் மையச் செயலகமே அந்த வெட்டுபவர். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, எந்தப் பொருளை வரைய வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்து அட்டைக்கு அனுப்புவது அதன் வேலை. எடுத்துக்காட்டாக, ஒரு படத்துக்கான ஆணைகளைத் தயார் செய்ய உங்கள் செயலகத்துக்கு 10 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வரைய 4060-க்கு 14 மில்லி விநாடி ஆகிறது. 4070 அதை 8-இல் முடித்துவிடும். முடித்துவிட்டு என்ன செய்யும்? 2 மில்லி விநாடி கைகட்டி நிற்கும். படம் வெளிவருவது 10 மில்லி விநாடிக்கு ஒன்றுதான். ஆகவே லாபம் 1.4 மடங்கு மட்டுமே. வெளிநாட்டு விமர்சகர்கள் அட்டையின் திறனைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டி, மிக விரைவான செயலகத்தைப் பொருத்திச் சோதிக்கிறார்கள். சோதனை முறையில் அது சரி. ஆனால் ஐந்தாறு ஆண்டுப் பழைய கணிப்பொறியில் அட்டையை மட்டும் மாற்றப் போகும் ஆவடி மாணவனுக்கு அந்த வரைபடம் பொருந்தாது.

இனி நினைவகத்துக்கு வருவோம். என் குறை இங்கேதான். 4060-இல் 8 ஜிகாபைட். சில்லுக்கும் நினைவகத்துக்கும் இடையே 128 பிட் அகலப் பாதை. விநாடிக்கு 272 ஜிகாபைட் செல்லும். 4070-இல் 12 ஜிகாபைட், 192 பிட், 504 ஜிகாபைட். இதற்கு முந்தைய தலைமுறையில், 2021 பிப்ரவரியில் வந்த 3060 அட்டையில் என்ன இருந்தது தெரியுமா? 12 ஜிகாபைட், 192 பிட், 360 ஜிகாபைட். தம்பி அண்ணனைவிடச் சிறிய வயிற்றோடு பிறந்திருக்கிறான்!

இதற்கு நிறுவனத்தரப்பில் ஒரு பதில் உண்டு. அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 4060-இன் சில்லுக்குள்ளேயே 24 மெகாபைட் இடைநினைவு வைத்திருக்கிறார்கள்; 3060-இல் அது 3 மெகாபைட் மட்டுமே. அடிக்கடி தேவைப்படும் பருப்பையும் உப்பையும் அடுக்களை டப்பாவிலேயே வைத்துக்கொண்டால் ரேஷன் கடைக்கு நடக்கும் நடை குறையும் அல்லவா? அதே உபாயம்தான். வேகக் குறைவை இது பெருமளவு ஈடுகட்டுகிறது. 4060 பொதுவாக 3060-ஐ முந்தவும் செய்கிறது. ஆனால் டப்பா பெரிதானால் வீட்டில் உள்ள அரிசி மூட்டை பெரிதாகிவிடுமா? கொள்ளளவு 8 ஜிகாபைட்தானே!

அந்த 8 ஜிகாபைட் எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள். சுவர், தரை, முகம் ஆகியவற்றின் மேற்பரப்பைக் காட்டும் படம் ஒன்று 4096-க்கு 4096 புள்ளிகள் கொண்டது என்றால், புள்ளிக்கு 4 பைட் வீதம் 64 மெகாபைட் ஆகும். சுருக்கி வைத்தாலும் 16. தொலைவில் தெரியும்போது பயன்படும் சிறு பிரதிகளையும் சேர்த்தால் 21-க்கு மேல். ஒரு காட்சியில் இத்தகைய பரப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். 2023 மார்ச்சில் கணிப்பொறிக்கு வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டில், உயர்தர அமைப்பில் 8 ஜிகாபைட் அட்டைகள் திணறின. பின்னர் திருத்தங்கள் வெளியிட்டே நிலைமையைச் சீர் செய்தார்கள்.

நினைவகம் நிரம்பி வழிந்தால் அட்டை கணிப்பொறியின் பொது நினைவகத்தை நாட வேண்டும். அங்கே போகும் பாதைதான் மிகக் குறுகலானது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் அந்தப் பாதையில் 4070-க்கு 16 தடங்கள். 4060-க்கு 8 மட்டும். நான்காம் தலைமுறைப் பலகையில் 8 தடம் என்றால் ஒரு திசையில் விநாடிக்கு ஏறத்தாழ 16 ஜிகாபைட். பழைய மூன்றாம் தலைமுறைப் பலகையானால் 8-தான். 272 எங்கே, 8 எங்கே? முப்பத்து நான்கில் ஒரு பங்கு! சி.டி.எச். சாலையில் வந்த லாரி ஒரு சந்துக்குள் திரும்பியது போல. விளைவு திரையில் விக்கல் விக்கலாகத் தெரியும். சராசரி வேகம் நன்றாகவே இருக்கும்; ஆனால் நடுநடுவே படம் ஒரு கணம் உறையும். பழைய பலகை வைத்திருப்பவர் யார்? பணம் குறைவாக உள்ளவர். அவரே மலிவான அட்டையை வாங்குகிறார். நெருக்கடி வரும்போது அந்த அட்டை அவரிடமே மிகவும் தடுமாறுகிறது. இது வடிவமைப்பாளர்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல.

பெயர் விவகாரத்தையும் சற்றுச் சொல்லியாக வேண்டும். 2016-இல் 1060 என்ற ஒரே பெயரில் இரண்டு அட்டைகள் வந்தன: 6 ஜிகாபைட் அட்டையில் 1,280 கணக்கீட்டு அலகுகள், 3 ஜிகாபைட் அட்டையில் 1,152. 2018-இல் 1030 என்ற பெயரை மாற்றாமலே உள்ளே நினைவகத்தை மாற்றினார்கள். வேகம் 48 ஜிகாபைட்டிலிருந்து 16.8-க்கு விழுந்தது. 2022 செப்டம்பரில் 4080 என்ற பெயரில் 12, 16 ஜிகாபைட் என இரண்டை அறிவித்தபோது, ஒன்றில் 7,680 அலகுகள், மற்றதில் 9,728. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே சிறியதைத் திரும்பப் பெற்று, 2023 ஜனவரியில் 4070 டி.ஐ. என்ற வேறு பெயரில் விற்றார்கள். நம் 4070-க்கும் 2024-இல் சற்று மெதுவான நினைவகம் கொண்ட ஓர் இரட்டைப் பிறவி வந்தது. கடைகளில் அரிசி மூட்டையின்மேல் இப்படி அச்சிட்டால் நம் தாய்மார்கள் சும்மா விடுவார்களா?

விளம்பரத்தின் இன்னொரு தந்திரம் இடைப்படங்கள். அட்டை உண்மையில் வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே, கற்றுத்தரப்பட்ட ஒரு கணிப்பு முறையால் மூன்றாவது படத்தை ஊகித்துச் செருகுவது இது. கண்ணுக்கு அசைவு மென்மையாகத் தெரியும். சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் செருகிய படத்துக்கு உங்கள் விரல் அசைந்தது தெரியாது. அடுத்த உண்மைப் படம் வரும்வரை காத்திருந்தே ஊகிக்க வேண்டியிருப்பதால், கைக்கும் திரைக்கும் இடையே தாமதம் சற்றுக் கூடவும் செய்கிறது. விநாடிக்கு 30 உண்மைப் படம் வரைந்து 60 என்று காட்டினால், விளையாடுபவருக்குக் கிடைப்பது 30-இன் உணர்ச்சியே. 2025 ஜனவரியில் 549 டாலர் 5070 அட்டை, 1,599 டாலர் 4090-இன் திறனைத் தரும் என்று மேடையில் அறிவித்ததும் இந்தச் செருகல் படங்களைக் கணக்கில் சேர்த்துத்தான். எண்ணும்போது உண்மைப் படங்களை மட்டும் எண்ணுங்கள்.

இனி, வெப்பத்துக்கு வருவோம். 4060 முழு வேகத்தில் 115 வாட் மின்திறன் கொள்ளும். 4070 கொள்வது 200 வாட். உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே அறைக்குள் வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளியிடுகிறார். ஆகவே 4070 ஓடும்போது உங்கள் பத்துக்குப் பத்து அறையில் கூடுதலாக இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள். கத்திரி வெயிலில் அவர்களை நீங்கள் வரவேற்பீர்களா? குளிரூட்டிய ஆய்வறையில் 25 டிகிரியில் 65 டிகிரி காட்டிய அட்டை, அறை 37 டிகிரியாக இருந்தால் ஏறத்தாழ 77 காட்டும். தொழிற்பேட்டைத் தூசும் லாரிப் புழுதியும் தகடுகளுக்கிடையே படிந்தால் இன்னும் ஏறும். ஆண்டுக்கு இரு முறையாவது துடைத்தெடுக்க வேண்டும்.

மின்கட்டணம் அவ்வளவு பயமுறுத்துவதில்லை. வேறுபாடு 85 வாட். நாளுக்கு 3 மணி வீதம் 60 நாளைக்கு 15.3 யூனிட். ஆனால் நம் மாநிலத்தில் இரு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். ஏற்கனவே 490-இல் நிற்கும் வீட்டுக்கு அந்தப் பதினைந்து யூனிட் கவனிக்கத்தக்கது. வீட்டில் உள்ள 600 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாக 360 வாட்டுக்குமேல் தாங்காது. 4060 கணிப்பொறி அதில் பிழைத்துக்கொள்ளும். 4070 கணிப்பொறி விளையாட்டின் நடுவே மின்தடை வந்தால் அணைந்துபோகவும் கூடும். மின்வழங்கிக்கு நிறுவனம் பரிந்துரைப்பது முறையே 550, 650 வாட்.

ஆக, எதை வாங்குவது? வாலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற போட்டி விளையாட்டுகளே உங்கள் நாட்டம், திரையும் விநாடிக்கு 60 அல்லது 75 படம் காட்டும் முழு எச்.டி. என்றால், 4060-ஏ தேவைக்கு அதிகம். திரை காட்ட முடியாத படங்களை வரைய இன்னொரு 300 டாலர் கொடுப்பது வீண். அந்த 300 டாலர் 2023 மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 24,600 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 29,000. அதில் நல்ல திரையும், வேகமான சேமிப்புத் தகடும், தரமான மின்வழங்கியும் வந்துவிடும். இதற்கு மாறாக, பெரிய திரை, கதை சொல்லும் கனமான விளையாட்டுகள், பிளெண்டரில் முப்பரிமாண வரைவு இவை வேண்டும், நான்கைந்து ஆண்டு ஓட்ட வேண்டும் என்றால் 4070-இன் 12 ஜிகாபைட்டுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. செயற்கை நுண்ணறிவு படிக்கத்தான் அட்டை என்று சொல்லும் மாணவருக்கு ஒரு வார்த்தை: முதல் ஆண்டுப் பாடங்களுக்குக் கூகுள் கோலாப் என்னும் சேவையில் இலவசமாகக் கிடைக்கும் நேரமே போதும். அப்பாவை அவசரப்படுத்த வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழியும் உண்டு: பழைய 3060. அதை வாங்கப் போனால் பெயரைக் கேட்டு நின்றுவிடாதீர்கள். 2022 கடைசியில் அதே பெயரில் 8 ஜிகாபைட், 128 பிட் அட்டையும் சந்தைக்கு வந்தது. அதன் வேகம் 240 ஜிகாபைட்தான். பெட்டியில் 12 என்று போட்டிருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம். அட்டையைக் கணிப்பொறியில் மாட்டி, ‘ஜி.பி.யு.-இசட்’ என்ற இலவசச் செயலியைத் திறக்கச் சொல்லி, 12 ஜிகாபைட், 192 பிட், 3,584 அலகுகள் என்ற மூன்று எண்களையும் திரையில் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.