கப்பல் மறைத்த ஆலை

இரமணாசிரமம் அமைந்த எங்கள் செங்கம் சாலையிலே விடுதிகளில் துணி துவைப்போர், ஆட்டோ ஓட்டுவோர், இளநீர் வெட்டுவோர் என உழைத்து உண்போர் பலர் உளர். அவர்களுக்கு ஊரார் வழங்கும் அறிவுரை ஒன்றுண்டு: "சங்கம் இருக்கட்டும், அதிலே அரசியல் எதற்கு?"

இந்த அறிவுரையை நம் இலக்கியமும் தன்னையறியாமல் வளர்த்திருக்கிறது என்பது என் குற்றச்சாட்டு. வ.உ.சிதம்பரனார் என்றதும் நினைவுக்கு வருவது என்ன? கப்பல், அடுத்துச் செக்கு! ம.பொ.சிவஞானம் எழுதிய வரலாற்றுக்கும், 1961இல் பந்துலு எடுத்த படத்துக்கும் 'கப்பலோட்டிய தமிழன்' என்றே பெயர். அழகிய பெயர்தான். ஆனால், அந்த அழகின் நிழலிலே ஓர் ஆலை மறைந்து போயிற்று.

1908 பிப்ரவரி 27. தூத்துக்குடியில் ஆர்வி கம்பெனியின் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூலி உயர்வு கேட்டனர். வார விடுமுறை கேட்டனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் மேடைதோறும் முழங்கினர். ஒன்பதே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. இதுவரை வயிற்றுப் போர். மார்ச் 12இல் தலைவர்களைச் சிறைப்படுத்தியதும் அதே தொழிலாளர் மீண்டும் வெளியேறினரே, அப்போது அவர்கள் கேட்ட கூலி எவ்வளவு? ஒரு காசும் இல்லை! வென்றெடுத்த கூலியைப் பணயம் வைத்து அரசையே எதிர்த்தனர். திருநெல்வேலியில் துப்பாக்கி வெடித்தது. நான்கு உயிர்கள் வீழ்ந்தன. திலகருக்காகப் பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தது அவ்வாண்டு சூலையில்! அதைப் படித்தோர் பாராட்டுவர். நான்கு மாதம் முந்திய தூத்துக்குடியையோ தமிழனே அறியான். அந்த இரண்டாம் வேலைநிறுத்தத்தை நடுவில் நிறுத்திய நாடகம் எதையும் நான் கண்டதில்லை.

அரசியல் நுழைந்தால் போதும், சங்கம் தழைக்கும் என்றும் கூறேன். 1918இல் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று வளர்த்த சென்னைத் தொழிலாளர் சங்கம், 1921இல் பின்னி ஆலைப் போராட்டத்தில் தோற்றதேன்? சாதி இந்துத் தொழிலாளர் ஒருபுறம், ஆதிதிராவிடத் தொழிலாளர் மறுபுறம். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. நாட்டு விடுதலை பேசிய மேடை, சேரியின் விடுதலையைப் பேச மறந்தது. முதலாளிக்கு இதைவிட வேறு துணை வேண்டுமோ?

கட்சிக்காரர் கையில் தொழிலாளியின் சந்தா கரையும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தை வெள்ளையர் ஆட்சியின் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமே எண்ணிப் பார்த்தது. தேர்தல் முதலிய செலவுகளுக்குத் தனி நிதி வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பணம் தருமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. தராதவரைச் சங்கத்தில் ஒதுக்கவும் ஆகாது என்று விதித்தது.