ஆறாவது பெயர்

ஒகேனக்கல்லிலிருந்து மேட்டூர் வரைக்குமான காவிரிக் கரையில் ஆடி 18 அன்று மனிதர்கள் மட்டும் நீராடுவதில்லை. ஊர்ச் சாமிகளின் வேலும் அரிவாளும் மேளத்தோடு வந்து ஆற்றில் இறங்குகின்றன. பாரதப் போர் 18ஆம் நாளில் முடிந்தது, பாண்டவர்கள் தங்கள் ஆயுதங்களைக் கழுவிய நாள் இது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. குருக்ஷேத்திரத்து ரத்தத்தைக் காவிரிக்குக் கொண்டுவர இந்த மக்களுக்கு வரைபடம் தேவைப்படவில்லை.

அப்படியொரு ஆடி 18இல், எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கரையேறிய இரண்டு பெண்களின் பேச்சு என் காதில் விழுந்தது. முந்தைய மாதம் அவர்கள் ஊரில் பாரதம் வைத்திருக்கிறார்கள்.

“அவ மனசுல கர்ணன்தான்க்கா இருந்தான். இல்லாட்டி பழம் ஏன் ஒட்டல?”

“பழம் ஒட்டிருச்சே, கண்ணு.”

“கர்ணன் பேரச் சொன்ன பொறவுதானக்கா ஒட்டுச்சு!”

இந்தக் கட்டுரை அந்தப் பேச்சைப் பற்றியது. நாயகர்கள் மறைத்து வைத்திருப்பது என்ன, யார் மனத்தில் யார் என்று கேட்பவர்கள் ஊகிப்பதும், அந்த ஊகம் கதைக்குள்ளேயே புகுந்துவிடுவதும் இன்றைய இளைஞர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறோம். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கூத்துக் களரிகளில் அது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது.

பழத்தின் கதை இது. வனவாசத்தில் திரௌபதி ஆசைப்பட்டாள் என்று அர்ச்சுனன் ஒரு நெல்லிக்கனியை அம்பெய்து வீழ்த்துகிறான். அது ஒரு முனிவருக்கு உரியது. சாபத்துக்கு அஞ்சி நிற்கும்போது கண்ணன் வழி சொல்கிறான்: ஒவ்வொருவரும் மனத்தில் உள்ள உண்மையைச் சொன்னால் கனி மறுபடி கிளையில் பொருந்தும். ஐவரும் சொல்கிறார்கள். கனி மேலே எழுகிறது. கடைசியில் திரௌபதி.

சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் இதற்கென்றே ‘பழம் பொருந்து சருக்கம்’ என்று ஒரு பகுதி வைத்தார். அதில் திரௌபதி, ஐவர் கணவராக இருந்தும் இன்னொருவனுக்காகவும் தன் நெஞ்சம் உருகுவதாக ஒப்புக்கொள்கிறாள். கனி ஒட்டிக்கொள்கிறது. அந்த இன்னொருவன் யார்? வில்லி சொல்லவில்லை. ஒரு பெயருக்கான இடத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த இடத்தில் கர்ணனை உட்காரவைத்தது கேட்டவர்கள். புனேயின் பண்டார்கர் நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் முடித்த வியாச பாரதச் செம்பதிப்பில் இந்தக் கனிக் கதையே கிடையாது. மராத்தியிலும் கன்னடத்திலும் வாய்மொழியாக இது வழங்குகிறது. கனி நெல்லியாக இல்லாமல் நாவலாக இருக்கும்.

கர்ணன் என்ற ஊகத்தை வெறும் வம்பு என்று நான் நினைக்கவில்லை. அதற்குள் கூர்மையான வாசிப்பு இருக்கிறது. குந்தியின் மூத்த மகன் அவன். உண்மை தெரிந்திருந்தால் தாயின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஐவரோடு அவனும் ஒருவனாகியிருப்பான். சுயம்வரத்தில் அவனைத் தேரோட்டி மகன் என்று அவள் ஒதுக்கியதாகச் சொல்லும் மரபு பரவலானது. அத்தனை பேரில் ஒருவனை மட்டும் பெயர் சொல்லி ஒதுக்கியவளின் மனத்தில் அந்தப் பெயர் தங்காமல் இருக்குமா என்று கேட்கிறார்கள். இதைவிட வலுவான சாட்சி வியாசரிடமே உண்டு. உத்தியோக பருவத்தில் கண்ணன் கர்ணனிடம் பிறப்பைச் சொல்லிப் பாண்டவர் பக்கம் அழைக்கும்போது, ஆறாவது முறையில் திரௌபதி உன்னிடமும் வருவாள் என்கிறான். ஆறாவது இடம் மூல நூலிலேயே ஒருகணம் திறந்து மூடுகிறது. ஆற்றங்கரையில் பேசிய பெண்கள் உத்தியோக பருவத்தைப் படித்திருக்கமாட்டார்கள். படித்தவர் எட்டிய இடத்துக்கு அவர்கள் வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அந்த வழி கூத்து. பாரதம் வைத்த ஊரில் பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். இரவில் களரியில் அது வேடம் கட்டி ஆடும். கேட்பவர் வெறுமனே உட்கார்ந்திருப்பதில்லை. பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோகும் வீமனின் வண்டி தெருத்தெருவாக வரும்போது வீட்டுக்கு வீடு படைக்கிறார்கள். அந்த நேரத்துக்கு ஊரே ஏகசக்கரபுரம். அர்ச்சுனன் தபசில் கம்பத்தின் உச்சியிலிருந்து அவன் எறியும் வில்வத்துக்கும் எலுமிச்சைக்கும் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்திக் காத்திருக்கிறார்கள். படுகளத்தன்று மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றி ஊரே நிற்கிறது, திரௌபதி கூந்தல் முடிவதைப் பார்க்க. கட்டியக்காரன் சபையின் வாயாக நின்று அரசனையே குறுக்குக் கேள்வி கேட்கிறான். முடிவு யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் அந்த முடிவுக்குப் போகும் வழியில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது.

இந்தத் திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988இலும் 1991இலும் வெளியிட்ட இரண்டு தொகுதிகள் இன்றைக்கும் அடிப்படை நூல்கள். அவை செஞ்சிப் பகுதியை மையமாகக் கொண்டவை. மேற்கே சேலம், தருமபுரிக் கூத்துக்கு அந்த அளவுக்கு எழுத்துக் கவனம் கிடைக்கவில்லை. சேலம் மாவட்டத்து ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் தன் ‘மணல்வீடு’ இதழ் வழியாகக் கூத்துக் கலைஞர்களுக்காகச் செய்துவரும் வேலை அதனால்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கூத்தில் ரகசியம் இரண்டு வகை. சபைக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாதது ஒன்று. சபைக்கும் தெரியாதது மற்றொன்று. திரௌபதியின் மனம் இரண்டாம் வகை. கர்ணனின் பிறப்பு முதல் வகை. அந்த முதல் வகையின் உச்சம் ‘கர்ண மோட்சம்’. கர்ணனின் மனைவி பொன்னுருவி வியாசரிடம் இல்லாதவள். தமிழ் மரபு படைத்துக்கொண்டவள். அரசன் மகளான அவள், குலம் தெரியாத தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டதை நினைத்து அவனைத் தீண்டாமல் விலகி நிற்கிறாள். போருக்குப் போகும் முன் அவன் விடைபெற வருகிறான். தன் பிறப்பை அவளிடம் சொல்கிறான். அந்த நொடிக்காகச் சபை இரவெல்லாம் விழித்திருக்கிறது. அவள் அழும்போது அவனுக்கு நேரமில்லை, களம் காத்திருக்கிறது. ஒரு ரகசியம் சரியான ஆளிடம் தாமதமாகச் சொல்லப்படுவதில் இருக்கிற துயரத்தை இதைவிடத் திறமாகக் காட்டிய காட்சியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. நடக்கும்போதே முன்வரிசையில் பெண்கள் பொன்னுருவியைத் திட்டுகிறார்கள்; அவள் அழத் தொடங்கியதும் அவர்களும் அழுகிறார்கள்.

அர்ச்சுனன் பக்கம் ஊகம் இன்னும் தாராளமாக ஓடியது. வியாசரின் சித்திராங்கதை இங்கே பாண்டியன் மகளானாள். பிறகு ஆண்களை அண்டவிடாத மதுரை அரசி அல்லியானாள். பவளக்கொடி வேறு. புகழேந்தியின் பெயரில் வழங்கும் அல்லியரசாணி மாலையும் பவளக்கொடி மாலையும் பெரிய எழுத்துப் புத்தகங்களாக வீடுவீடாகப் போயின. சங்கரதாஸ் சுவாமிகள் அவற்றை நாடகமாக்கினார். 1934இல் கே. சுப்பிரமணியம் ‘பவளக்கொடி’யைப் படமாக்கியபோது எம்.கே. தியாகராஜ பாகவதர் திரைக்கு வந்தார். இன்னொரு காதல் இருந்திருக்குமோ என்ற ஊகம் தமிழ் சினிமாவின் முதல் பெரும் நட்சத்திரத்தையே கொடுத்திருக்கிறது.

ஆற்றுக்கு அக்கரையில் கன்னடம். அங்கே பம்பன் 10ஆம் நூற்றாண்டில் பாடிய ‘விக்கிரமார்ச்சுன விஜய’த்தில் திரௌபதி அர்ச்சுனன் ஒருவனுக்கே மனைவி. ஐந்து அங்கே ஒன்றாகிறது, இங்கே ஆறாகிறது. அதே பம்பன்தான் கர்ணனையும் உருகி உருகிப் பாடினான். பரிசலில் சில நிமிடம் துழாவினால் கடந்துவிடக்கூடிய நீர் அது.

சினிமா அந்த ஆறாவது பெயரை வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டது. 1991இல் மணிரத்னத்தின் ‘தளபதி’யில் கர்ணனின் சாயலான சூர்யாவும் சுப்புலட்சுமியும் காதலிக்கிறார்கள், அவள் கலெக்டர் அர்ஜுனுக்கு, அவன் அறியாத தம்பிக்கு, மனைவியாகிறாள். ஒடியாவில் பிரதிபா ராயின் ‘யாக்ஞசேனி’ 1984இல் அந்த ஈர்ப்பைத் தொட்டது. ஆங்கிலத்தில் சித்ரா பானர்ஜி திவாகருணியின் 2008ஆம் ஆண்டு நாவல் அதையே நடுநரம்பாக்கியது. 2014 முதல் 2020 வரை ஜெயமோகன் நாள்தோறும் எழுதி 26 நூல்களாக முடித்த ‘வெண்முரசு’க்கு, எழுதப்படும்போதே வாசகர்கள் கடிதங்களில் தங்கள் ஊகங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பிரசங்கியாருக்கும் சபைக்கும் இருந்த பழைய உறவு அது.

மேற்கிலும் இதே பசி. 1938இல் பிறந்த சூப்பர்மேன் தான் யார் என்பதை லோயிஸ் லேனிடம் சொல்லி அது நிலைத்தது 1991இல்தான், 1996இல் திருமணம். அரை நூற்றாண்டுக்கு மேல் வாசகர்கள் முதல் வகை ரகசியத்தைச் சுமந்தபடி காத்திருந்தார்கள். 1979இல் வாசகரே வழியைத் தேர்ந்தெடுக்கும் சிறுவர் நூல் வரிசை அமெரிக்காவில் வந்தது. அந்த வழியில் வந்தவைதான் கணினியில் வாசிக்கும் இன்றைய சூப்பர் ஹீரோ கதைகள். மாலின் ரிடேன் 2018இல் வெளியிட்ட ‘ஃபாலன் ஹீரோ: ரீபர்த்’தில் நாயகப் பாத்திரம் வாசகரே. ஒருகாலத்தில் வீரர், செத்துவிட்டதாக ஊர் நம்புகிறது, இப்போது வில்லனாகத் திரும்புகிறார். பழைய தோழர் ஒர்டேகா நெருங்கி வரும்போது எவ்வளவு சொல்வது, எதை மறைப்பது, காதலிப்பதா என்று வாசகர்தான் தீர்மானிக்க வேண்டும். விராடன் அரண்மனையில் பேடியாக நின்ற அர்ச்சுனனின் இடத்தில் நம்மையே நிறுத்திவிட்டு, யாரிடம் உண்மை சொல்வாய் என்று கேட்பது மாதிரி.

இந்த இரண்டையும் ஒன்று என்று சொல்லமாட்டேன். கணினிக் கதையில் எழுத்தாளர் எழுதி வைத்த கிளைகளில் மட்டுமே வாசகர் நடக்க முடியும்; எழுதப்படாத காதலை எவ்வளவு ஆசைப்பட்டாலும் அடைய முடியாது. கூத்தில் கிளையே இல்லை, ஒரே அடிமரம். கர்ணன் செத்தே தீரவேண்டும். அதனால் சபையின் ஆசை முழுவதும் நடந்ததை மாற்றுவதை விட்டுவிட்டு மனத்துக்குள் என்ன இருந்தது என்பதன் பக்கம் திரும்பிவிட்டது. வாழ்நாளெல்லாம் மறுக்கப்பட்ட ஒருவனுக்குத் தர அவர்களிடம் ராஜ்ஜியம் இல்லை. ஒருத்தியின் நெஞ்சில் ஓர் இடம் இருந்தது, அதைத் தந்தார்கள். எனக்கு வில்லியின் பெயரற்ற அந்த இன்னொருவன்தான் இன்றும் பிடிக்கும். பெயர் வைத்ததும் ஒரு பெண்ணின் கரைகாணாத மனம் ஒரு விடுகதையின் விடையாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் அந்தப் பெயரை வைத்தவர்களின் நியாய உணர்வை நான் வணங்குகிறேன்.

அன்றைக்கு ஆற்றங்கரையில் பேச்சு அதோடு முடியவில்லை. மூத்தவர் ஈரப் புடவையின் முந்தானையைப் பிழிந்துகொண்டே வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்.

“அப்போ பொன்னுருவி?”

இளையவளிடம் பதில் இல்லை. வேலுக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைத்துச் சாமியைக் கிளப்பிவிட்டார்கள். மேளம் மேட்டைத் தாண்டிவிட்டிருந்தது. இரண்டு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினார்கள்.